பழைய ஸ்டேடியம், பழைய மைக் செட்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் ஊர் ஸ்டேடியம் கட்டி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நாலு லைட் கம்பங்களிலும் கேலரி கூரையிலும் குழாய் ஸ்பீக்கர்கள் இருக்கின்றன. போட்டி நாளில் சத்தம் வருகிறது, ஆனால் என்ன சொல்கிறார்கள் என்று ஒருவருக்கும் புரிவதில்லை. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு லைன் அரே (ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கும் ஸ்பீக்கர் வரிசை) போட வேண்டும் என்று ஒருவர் பெரிய தொகைக்குக் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். பழையதைச் சரிசெய்யவே முடியாதா?
(விளையாட்டுக் கமிட்டி உறுப்பினர், திருச்சி மாவட்டம்)

பதில்: பெரும்பாலும் முடியும். ஆனால் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுப்பதற்கு முன்னால் பழைய காகிதங்களைத் தேடுங்கள். அரசு ஸ்டேடியம் என்றால் வேலையைச் செய்தது பெரும்பாலும் பொதுப்பணித் துறையின் மின் பிரிவாக இருக்கும், அவர்களிடம் வயரிங் வரைபடம் இல்லாவிட்டாலும் எம் புக் (செய்த வேலையை அளந்து எழுதும் புத்தகம்) இருக்க வாய்ப்புண்டு, எத்தனை மீட்டர் கேபிள், எத்தனை ஸ்பீக்கர், எத்தனை வாட், எந்தக் கம்பெனி என்று பில் போடுவதற்காக வரிவரியாக எழுதியிருப்பார்கள். விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் மாவட்ட அலுவலகத்திலும் கேளுங்கள். வாய்ப்பேச்சில் கிடைக்கவில்லையா, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டு நகல் கேளுங்கள். திறப்பு விழா போட்டோக்கள் யாரிடமாவது இருந்தால் அதையும் வாங்கிப் பாருங்கள், ஆரம்பத்தில் குழாய்கள் எந்தப் பக்கம் பார்த்திருந்தன என்பது அதில் தெரிந்துவிடும். அப்புறம், அங்கே வேலை பார்த்து ரிட்டயர் ஆன எலக்ட்ரீஷியன் ஊரில் இருந்தால் அவரை மைதானத்துக்கே அழைத்து வந்து ஒரு சுற்று நடக்கவையுங்கள். கேபிள் எங்கே தரைக்குள் போகிறது, ஜங்ஷன் பாக்ஸ் எந்தப் படிக்கட்டுக்கு அடியில் இருக்கிறது என்பதெல்லாம் எந்த வரைபடத்தையும் விட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று கேட்பீர்கள். நான் பார்த்த பழைய மைதானங்கள் பலவற்றில் கோளாறு முதலில் போட்ட சிஸ்டத்தில் இல்லை, அதற்கு மேல் வருஷா வருஷம் ஒட்டவைத்ததில்தான் இருந்தது. ஒவ்வொரு விழாவுக்கும் ஒரு மைக் செட்காரர் வருகிறார், சத்தம் போதவில்லை என்று நாலு குழாயைச் சேர்க்கிறார், லைனில் எங்கேயோ ஒரு கொக்கி போடுகிறார், போகும்போது அதை அப்படியே விட்டுவிட்டுப் போகிறார். முப்பது வருஷம் இப்படி நடந்தால் எது ஒரிஜினல், எது பிறகு வந்தது என்றே தெரியாது. அதைப் பிரித்துப் பார்ப்பதுதான் முதல் வேலை. சேர்ப்பதை விடக் கழற்றுவதிலேயே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும், பல நேரம் செலவும் அதிகம் இருக்காது.

ஆம்ப் ரூமில் உடனே பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. பல ஆம்ப்ளிஃபையர்களின் பின்னால் 70 வோல்ட், 100 வோல்ட் என்று இரண்டு டெர்மினல் இருக்கும். குழாய்களில் உள்ள லைன் டிரான்ஸ்ஃபார்மர் (லைனின் வோல்டேஜைக் குறைத்து ஸ்பீக்கருக்குக் கொடுப்பது) 100 வோல்ட்டுக்கானதாக இருந்து, வயரை யாரோ 70-இல் மாட்டியிருந்தால் பவர் சரிபாதியாகிவிடும். சத்தம் குறைந்துவிட்டதே என்று புதுக் குழாய் வாங்கச் சொல்வதற்கு முன்னால் அந்த வயர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

கேள்வி: கம்பத்தில் ஏறாமல் எந்த ஸ்பீக்கர் போய்விட்டது என்று கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில்: எது என்று சொல்ல முடியாது, எத்தனை என்று ஓரளவு சொல்லலாம். 100 வோல்ட் லைனில் கணக்கு எளிது: பத்தாயிரத்தை மொத்த வாட்டால் வகுத்தால் லைனின் இம்பீடன்ஸ் (ஒலி சிக்னலுக்கு லைன் காட்டும் தடை) வந்துவிடும். ஒரு கம்பத்துக்குப் பத்து குழாய், ஒவ்வொன்றும் 50 வாட் டேப்பில் (டிரான்ஸ்ஃபார்மரில் வாட்டைத் தேர்ந்தெடுக்கும் முனை) என்றால் 500 வாட், ஆகவே 20 ஓம். ஆம்ப்பை நிறுத்தி, லைனை அதிலிருந்து முழுவதும் கழற்றிவிட்டு (இதை மறக்காதீர்கள், 100 வோல்ட் நன்றாகவே ஷாக் அடிக்கும்) இம்பீடன்ஸ் மீட்டர் வைத்துப் பாருங்கள். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் 200 மீட்டர் ஓடினால் போக வர சேர்த்துக் கிட்டத்தட்ட 3 ஓம் அதிலேயே கூடும், ஆக 23-க்குப் பக்கத்தில் காட்டினால் எல்லாம் உயிரோடு இருக்கிறது. 31, 32 என்று காட்டினால் ஏறக்குறைய மூன்று போய்விட்டது. 12, 13 என்று இறங்கினால் எங்கேயோ தண்ணீர் இறங்கியிருக்கிறது, அல்லது யாரோ இரகசியமாகக் கூடுதல் குழாய் சேர்த்திருக்கிறார்கள், அந்த லைனில் ஆம்ப்பை ஓட்டினால் ஆம்ப் சாகும்.

சாதா மல்டிமீட்டர் இதற்கு உதவாது. அது டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரிச் சுற்றின் செம்பை மட்டும்தான் அளக்கும், அந்தப் பக்கம் ஸ்பீக்கரின் காயில் (கம்பிச்சுருள்) எரிந்து கரியாகிக் கிடந்தாலும் அதே எண்ணைத்தான் காட்டும்.

எண்ணிக்கை தெரிந்த பிறகு ஏறித்தான் ஆக வேண்டும். முதலில் யூனிட்டை (குழாயின் பின்னால் சத்தத்தை உண்டாக்கும் பாகம்) சந்தேகப்படாதீர்கள், ஜாயிண்ட்டைப் பாருங்கள். இன்சுலேஷன் டேப் சுற்றிய இடத்தில் செம்பு பச்சையாகக் களிம்பு பிடித்திருக்கும், அதை வெட்டிவிட்டுப் புதிதாகப் பளபளக்கும் கம்பியில் இணைத்து, மழை படாத பெட்டிக்குள் வையுங்கள். குழாயின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், குளவிக் கூடு இருக்கலாம். கேபிளில் அணில் கடித்த இடம் இருக்கலாம். வாய் மேலே பார்த்திருக்கும் குழாய் என்றால் மழைத்தண்ணீர் உள்ளே தங்கும், எப்போதும் கொஞ்சம் கீழே சாய்த்து மாட்டுங்கள், உட்கார்ந்திருப்பவர்களும் கீழேதான் இருக்கிறார்கள்.

கேள்வி: கிழக்கு கேலரியில் உட்கார்ந்தால் ஒரே வார்த்தை இரண்டு தடவை, சில சமயம் மூன்று தடவை கேட்கிறது. எக்கோவைக் குறைக்க ஆம்ப்பில் ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: அது சுவரில் மோதித் திரும்பும் எக்கோவாக இருக்க வேண்டும் என்றில்லை. ஒரே குரல் பல இடங்களிலிருந்து வேறு வேறு நேரத்தில் வந்து சேர்கிறது, அவ்வளவுதான். வயரில் மின்சாரம் போக நேரமே ஆகாது, காற்றில் சத்தம் நொடிக்குச் சுமார் 345 மீட்டர்தான் போகும். உங்கள் தலைக்கு மேல் 15 மீட்டரில் ஒரு குழாய், எதிர்ப்பக்கக் கம்பம் 130 மீட்டரில் என்றால் கம்பத்துச் சத்தம் மூன்றில் ஒரு நொடி தாமதமாக வரும். அதற்குள் அறிவிப்பாளர் அடுத்த அசைக்குப் போயிருப்பார். 1939 ஜூலை 4 அன்று நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியத்தில் பேஸ்பால் வீரர் லூ கெரிக் விடைபெற்றுப் பேசியதன் ஒலிப்பதிவு இன்றும் கிடைக்கிறது, ஒவ்வொரு வார்த்தைக்குப் பின்னாலும் அதே வார்த்தை மறுபடி ஒலிப்பதைக் கேட்கலாம். பெரிய மைதானத்தின் பழைய வியாதி இது.

மருந்தும் பழையதுதான். ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஹெல்முட் ஹாஸ் 1949-இல் சமர்ப்பித்த ஆய்வு இதைத்தான் ஆராய்ந்தது. ஒரே பேச்சு இரண்டு இடத்திலிருந்து வந்தால், இரண்டாவது சுமார் 30 மில்லி செகண்டுக்குள் வந்து சேரும்வரை காது அதைத் தனியாகக் கேட்காது, முதலில் வந்த திசையிலிருந்தே மொத்தமும் வருவதாக எடுத்துக்கொள்ளும். இரண்டாவது 10 டெசிபல் கூடுதலாக இருந்தாலும்கூட அப்படித்தான். ஆகவே பக்கத்துக் குழாய்க்குப் போகும் லைனை டிலே செய்ய, அதாவது வேண்டுமென்றே தாமதப்படுத்த வேண்டும். மேலே சொன்ன கணக்கில் வித்தியாசம் 115 மீட்டர், அதாவது 333 மில்லி செகண்ட், அதோடு ஒரு பத்து பதினைந்து சேர்த்து வையுங்கள். ஒரு டிஜிட்டல் புராசசர் வாங்கினால் ஒவ்வொரு கேலரிக்கும் தனித்தனியாக இதைப் போட்டுவிடலாம், இந்த வேலையில் நான் தயங்காமல் புதிதாக வாங்கச் சொல்லும் ஒரே பொருள் அதுதான். ஆனால் ஒவ்வொரு கேலரிக்கும் தனி ஆம்ப், தனி லைன் இருந்தால்தான் இது நடக்கும், எல்லாம் ஒரே லைனில் தொங்கினால் முதலில் அதைப் பிரியுங்கள். நான்கு கம்பமும் நான்கு பக்கத்திலிருந்தும் ஒரே கேலரியை நோக்கிக் கத்திக்கொண்டிருந்தால் டிலேயாலும் முழுதாகக் காப்பாற்ற முடியாது. ஒவ்வொரு கம்பமும் தனக்குப் பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்து மட்டும் பேச வேண்டும், எதிர்ப்பக்கம் பார்க்கும் குழாயைத் திருப்புங்கள் அல்லது கழற்றுங்கள்.

வெயில் நேரத்தில் ஒரு மாதிரியும் இரவில் ஒரு மாதிரியும் கேட்கிறதே என்றும் எழுதியிருக்கிறீர்கள். டிலே கணக்கு அதனால் பெரிதாக மாறாது, 150 மீட்டருக்கு 22 டிகிரிக்கும் 38 டிகிரிக்கும் வித்தியாசம் சுமார் 11 மில்லி செகண்ட்தான். பகலில் தரை சூடாகிச் சத்தம் மேல்நோக்கி வளைந்து போவதுதான் தூரத்தில் மங்கக் காரணம்.

கேள்வி: ஒவ்வொரு ஸ்போர்ட்ஸ் டே முடிந்ததும் மூன்று நான்கு யூனிட் போய்விடுகிறது. வாட் கூடுதலான யூனிட் போட்டும் பயனில்லை. ஏன்?

பதில்: பாட்டுப் போடுகிறீர்கள், சரிதானே? குழாய் ஸ்பீக்கர் பேச்சுக்காகச் செய்தது. குழாயின் நீளமும் வாயின் அகலமும் முடிவுசெய்யும் ஒரு அளவுக்குக் கீழே, பெரும்பாலும் 250, 300 ஹெர்ட்ஸ், குழாய்க்குள் இருக்கும் காற்று, யூனிட்டில் அதிரும் மெல்லிய தகடான டயஃப்ரத்துக்குப் பிடிமானம் கொடுக்காது. அங்கே பேஸ் டிரம்மை அனுப்பினால் சத்தம் வெளியே வராது, ஆனால் டயஃப்ரம் பிடிமானம் இல்லாமல் முன்னும் பின்னும் குதித்துக் கிழியும், அல்லது காயில் வயர் ஒடியும். யூனிட்டின் வாட் கூடினாலும் இது மாறாது. லைனுக்கு முன்னால் ஹை பாஸ் ஃபில்டர் வைத்து 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். அறிவிப்பும் கூடவே தெளிவாகும், ஏனென்றால் மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டும் ஒலி பெரும்பாலும் 1,000 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் இருக்கிறது. பேஸோடு பாட்டு வேண்டும் என்றால் அன்றைக்கு வாடகைக்குப் பெட்டி ஸ்பீக்கர் எடுத்து மைதானத்தில் வையுங்கள்.

கேள்வி: பழைய யூனிட்டுக்கு டயஃப்ரம் கிடைக்கிறது. நாங்களே மாற்றலாமா?

பதில்: மாற்றலாம், அவசரப்படக் கூடாது. பின் மூடியைத் திறந்து பழைய டயஃப்ரத்தை எடுத்ததும் காந்தத்துக்கு நடுவில் ஒரு வட்ட இடுக்கு தெரியும், காயில் அதற்குள்தான் ஓடுகிறது. முப்பது வருஷத்துத் துருவும் இரும்புப் பொடியும் அதில் ஒட்டியிருக்கும். ஊதினாலோ பிரஷ் போட்டாலோ போகாது, காந்தம் பிடித்துக்கொண்டிருக்கும். மாஸ்கிங் டேப்பை ஒட்டும் பக்கம் வெளியே வரும்படி மடித்து, ஒரு மெல்லிய அட்டையில் சுற்றி, இடுக்குக்குள் விட்டு ஒரு சுற்று சுற்றி எடுங்கள். டேப் கறுப்பாக வரும். சுத்தமாக வரும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். பிறகு புதியதை வைத்து ஸ்க்ரூக்களை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள், மெல்லிய ஒலியளவில் ஒரு டோனை 300 ஹெர்ட்ஸிலிருந்து மேலே ஓட்டிக் காதை வைத்துக் கேளுங்கள், எங்கேயாவது கரகரவென்று உரசினால் தளர்த்தி மறுபடி உட்காரவையுங்கள்.

ரொம்பப் பழைய யூனிட்டில் காந்தம் அல்னிகோவாக (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த பழைய வகை) இருந்தால் காந்தத்தை மட்டும் ஒருபோதும் பிரித்து வெளியே எடுக்காதீர்கள். எடுத்தாலே பலம் குறைந்துவிடும், திரும்ப வைத்தாலும் பழைய பலம் வராது.

கேள்வி: ஆம்ப்பைப் போட்டதும் கூட்டம் இல்லாத மைதானத்தில் ம்ம் என்று இரைகிறது. என்ன செய்ய?

பதில்: பவர் சப்ளை கெப்பாசிட்டர் காய்ந்திருக்கும், 100 ஹெர்ட்ஸில் வரும் இரைச்சல் அது. மாற்றுங்கள். பல வருஷம் சும்மா கிடந்த ஆம்ப் என்றால் நேரடியாக ஆன் செய்யாமல் சீரிஸ் பல்பு (கரண்ட்டைக் கட்டுப்படுத்த மெயின் வயரின் நடுவில் மாட்டும் குண்டு பல்பு) வைத்து முதலில் பாருங்கள். மைக் வயரைக் கழற்றியதும் இரைச்சல் நின்றால் கோளாறு ஆம்ப்பில் இல்லை, மைக் கேபிளின் ஷீல்டிலோ எர்த்திலோ.

கேள்வி: பக்கத்துத் தெருக்காரர்கள் புகார் கொடுக்கிறார்கள். சட்டம் என்ன சொல்கிறது?

பதில்: 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகளின்படி, திறந்தவெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. மற்ற நேரத்தில், இடத்தின் எல்லையில் சத்தம் அந்தப் பகுதிக்கான வரம்பை விட 10 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது, அல்லது 75 டெசிபலைத் தாண்டக் கூடாது, இரண்டில் எது குறைவோ அது. குடியிருப்புப் பகுதியின் பகல் வரம்பு 55. ஆகவே உங்களுக்கு 65. வால்யூமைக் குறைப்பதற்கு முன்னால் கேலரிக்கு மேலாக ஊரைப் பார்க்கும் குழாய்களைக் கீழே சாயுங்கள்.

கேள்வி: எல்லாம் செய்த பிறகும், பழையது போதுமா, புதிது வாங்கத்தான் வேண்டுமா என்று எப்படித் தீர்மானிப்பது?

பதில்: கருவி இருந்தால் எஸ்டிஐ (பேச்சு எவ்வளவு புரிகிறது என்பதைக் காட்டும் எண்) அளக்கலாம், பூஜ்யத்திலிருந்து ஒன்று வரை வரும், அவசர அறிவிப்புக்குப் பொதுவாக 0.5 கேட்பார்கள். கருவி இல்லாவிட்டால் மனிதர்களை வைத்துப் பாருங்கள். ஐம்பது சின்ன வார்த்தைகள் எழுதிக்கொள்ளுங்கள், கட்டு, தட்டு, பட்டு, மட்டு, முட்டு, பல், கல், சொல், நெல் என்று முதலெழுத்தில் மட்டும் ஏமாற்றக்கூடிய வார்த்தைகளாக. மைக்கில் ஒருவர் கலைத்துப்போட்டு வாசிக்கட்டும், ஒவ்வொரு கேலரியிலும் மூலைக்கொருவராகப் பள்ளிப் பிள்ளைகளை உட்காரவைத்துக் கேட்டதை எழுதச் சொல்லுங்கள். முடிந்தால் ஒரு மேட்ச் நாளில், கூட்டத்தின் இரைச்சலோடு செய்யுங்கள். காலி மைதானத்தில் கிடைக்கும் மார்க்கை நம்ப வேண்டாம். எந்த மூலையில் பாதிக்கு மேல் தப்பாகிறதோ அந்த மூலைக்கு மட்டும் புதிய ஸ்பீக்கர் வாங்குங்கள், தீ, நெரிசல் என்று ஏதாவது நடந்தால் வாசலைச் சொல்ல அந்த மூலையில் வேறு வழி கிடையாது. இந்த விஷயத்தில் பணத்தைப் பார்க்காதீர்கள். அந்தத் தாள்களை வைத்துக்கொண்டு கொட்டேஷன் கொடுத்தவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள், முழு மைதானத்துக்கும் போட்ட தொகையில் எவ்வளவு தேவை என்பதை அப்போது நீங்களே கேட்கலாம்.