ஈ30 325ஐ-ல லூமினா வி8 போடலாமா, எங்கேர்ந்து பிளான் பண்றது?

கேட்ட தம்பி தென்னாப்பிரிக்காவுல, டர்பன்ல ஃபீனிக்ஸ் பக்கம் இருக்கார். கையில பிஎம்டபிள்யூ ஈ30 325ஐ இருக்கு (80களோட சின்ன 3 சீரிஸ் கார்), அதுல செவ்ரோலே லூமினாவோட எல்எஸ் வி8, அதாவது ஜிஎம் கம்பெனியோட எட்டு சிலிண்டர் என்ஜினை வைக்கணும், ஏசி வேணும், தினமும் வேலைக்கும் ஓட்டணும்னு கேட்டிருக்கார்.

தம்பி, எத்தனை கிலோவாட்டுங்கறதை அப்புறம் பாத்துக்கலாம், மொதல்ல எதை விட்டுக்கொடுக்கப் போறீங்கன்னு முடிவு பண்ணுங்க. நம்ம ஊர்ல 80களோட நடுவுல பிஎம்டபிள்யூவே ராஸ்லின் ஃபேக்டரியில, பிஎம்டபிள்யூ கார்களை ட்யூன் பண்ற அல்பினா கம்பெனி உதவியோட இதே மாதிரி வேலையை ஈ30-ல செஞ்சாங்க, அந்தக் கார் பேரு 333ஐ. பெரிய காருக்கான 3.2 லிட்டர் எம்30 என்ஜினை இந்த சின்ன பானட்டுக்குள்ள இறக்கி 145 கிலோவாட் எடுத்தாங்க, மொத்தமே சுமார் 200 கார்தான். ஆனா இடம் பத்தல, அதனால வாங்குறவங்க ஏசி இல்லன்னா பவர் ஸ்டியரிங், ரெண்டுல ஒண்ணுதான் எடுக்க முடிஞ்சுது. காரைக் கட்டின கம்பெனிக்கே அந்த நிலைமைன்னா நம்ம வீட்டு கராஜ்ல என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க.

வி8 முடியாத காரியம் இல்ல, எல்எஸ் அலுமினிய பிளாக்குங்கறதால முன்பக்கம் பயப்படுற அளவுக்கு கனமும் ஏறாது. ஆனா என்ஜினோட செலவு நிக்காது, கியர்பாக்ஸ் வேற, அதுக்கு டனல்ல (கியர்பாக்ஸ் உக்காரற தரை மேடு) வெட்டு வேலை, பவரை பின்னாடி கொண்டு போற புது ப்ராப் ஷாஃப்ட், அந்த டார்க்கை தாங்குற டிஃப் (பின் சக்கரத்துக்குப் பவரைப் பிரிக்கற டிஃபரென்ஷியல்), பிரேக், எல்லாம் வரிசையா வரும். தினமும் ஓட்டணும்னு நீங்களே சொல்றதால என் வோட்டு பிஎம்டபிள்யூவோட ஆறு சிலிண்டர் எம்50 என்ஜினுக்குத்தான், 2.5 லிட்டர் 24 வால்வு, 141 கிலோவாட். உங்க 325ஐ-யோட கெட்ராக் கியர்பாக்ஸ் அதுல நேரா போல்ட் ஆகும், டைமிங் பெல்ட் தொல்லை கிடையாது செயின்தான், 90களோட ஆரம்பத்துல வந்த என்ஜினா பாத்து எடுத்தா சரியான சாவி இல்லாம ஸ்டார்ட் ஆக விடாத இம்மொபிலைசர் தலைவலியும் இல்ல. ஜோபர்க் (ஜோகன்னஸ்பர்க்) அண்ணனுங்க டர்போ போடுன்னு சொல்லுவாங்க, அவங்க 1700 மீட்டர் உயரத்துல இருக்காங்க, டர்போ இல்லாத என்ஜின் அங்க கிட்டத்தட்ட ஆறுல ஒரு பங்கு பவரை இழக்கும், நாம கடல் மட்டத்துல இருக்கோம், நமக்கு அந்தக் கவலை வேண்டாம்.

எம்50-ல ஒரே ஒரு இடம் ரொம்ப கவனம். எக்ஸாஸ்ட் வலது பக்கம், நம்ம ஸ்டியரிங்கும் வலது பக்கம், அதனால மேனிஃபோல்டும் (என்ஜின்லேர்ந்து புகையை வாங்குற குழாய்) ஸ்டியரிங் ஷாஃப்ட்டும் ஒண்ணுக்கொண்ணு முட்டப் பாக்கும். எதையும் வெல்ட் பண்றதுக்கு முன்னாடி காலி பிளாக்கையும் ஹெட்டையும் மேனிஃபோல்டோட இறக்கி மவுண்டிங்ல உக்கார வச்சு, ஸ்டியரிங்கை ரெண்டு பக்கமும் கடைசி வரைக்கும் திருப்பிப் பாருங்க, இடையில விரல் தாராளமா போகணும், ஏன்னா ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது என்ஜின் மவுண்டிங்ல சாயும், நிக்கும்போது இருக்கற இடைவெளி ஓடும்போது இருக்காது. சம்ப் (என்ஜின் அடியில இருக்கற ஆயில் தொட்டி) கிராஸ்மெம்பர்ல, அதாவது அடியில குறுக்கே போற சட்டத்துல, இடிக்குதான்னும் அப்பவே பாத்துடுங்க.

கூலிங்ல காசு மிச்சம் பிடிக்காதீங்க, நல்ல ரேடியேட்டரும் ஃபேனும் போட்டு, பிப்ரவரி வெயில்ல ஏசி போட்டு ஃபீல்ட்ஸ் ஹில் மேட்டு ரோட்டுல ஏறிப் பாருங்க, டெம்பரேச்சர் முள் நடுவுலயே நின்னா வேலை சரி.

ஸ்க்ராப்யார்ட்ல என்ஜினை மட்டும் தனியா வாங்காதீங்க தம்பி, லூம் (வயரிங் கட்டு), ஈசியூ (என்ஜின் கம்ப்யூட்டர்), சென்சார் எல்லாத்தோடவும் வாங்குங்க, முடிஞ்சா அந்த என்ஜின் இருக்கற முழு டோனர் காரே எடுத்துடுங்க. ஒரு வயரை யாரோ வெட்டி வச்சிருந்தாங்கன்னா அதைத் தேடியே வாரம் போயிடும். பில்லுல என்ஜின் நம்பர் எழுதி வாங்குங்க, என்ஜின் மாறினா போலீஸ் கிளியரன்ஸ் எடுத்து லைசென்சிங் ஆபீஸ்ல புது நம்பரை பதியணும், திருட்டு என்ஜின்னா அங்க மாட்டிக்குவீங்க. இன்ஷூரன்ஸ்காரங்களுக்கும் எழுத்துல சொல்லிடுங்க, சொல்லாம விட்டா கிளெய்ம் வரும்போது கையை விரிச்சுடுவாங்க.

ஆனா ஒண்ணு, உங்க கார் வெறும் 325ஐ தானா இல்ல 325ஐஎஸ்ஸான்னு சேசிஸ் நம்பரை வச்சு உறுதி பண்ணிக்கோங்க. ஐஎஸ்ஸா இருந்தா தயவுசெஞ்சு வெட்டாதீங்க, தென்னாப்பிரிக்காவுக்குன்னே செஞ்ச கார் அது, ஒரிஜினல் என்ஜினோட அப்படியே வச்சுக்கிட்டு, என்ஜின் ஸ்வாப்புக்கு வேற ஈ30 பாடி தேடுங்க.