காப்பெல் கெலின் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

வேலைக்காக லிவர்பூலுக்கு வந்து சில ஆண்டுகள் ஆகின்றன. கோடை விடுமுறையில் குடும்பத்துடன் வட வேல்ஸுக்குப் போயிருந்தோம். பாலா என்ற சிறுநகரத்தைத் தாண்டி மலைச்சாலையில் போனபோது கெலின் ஏரியைப் பார்த்தோம். அணைக்குக் கீழே ஆற்றில் இளைஞர்கள் படகு விட்டுக்கொண்டிருந்தார்கள். ஏரிக்கரையில் கல்லால் கட்டிய ஒரு சிற்றாலயம் இருந்தது. தண்ணீருக்குள் காப்பெல் கெலின் என்றொரு கிராமம் கிடக்கிறது என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டோம்.

திரும்பி வந்ததும் என்னுடன் பணிபுரியும் வேல்ஸ்காரர் ஒருவரிடம் "அருமையான ஏரி" என்று சொன்னேன். அவருடைய முகம் மாறிவிட்டது. மேற்கொண்டு எதுவும் பேசவில்லை. அங்கே வாழ்ந்தவர்கள் 67 பேர்தான் என்று படித்தேன். ஒரு பெருநகரத்துக்குத் தண்ணீர் தேவைப்பட்டிருக்கிறது, இழப்பீடும் கொடுத்திருக்கிறார்கள். இத்தனை ஆண்டுகள் கழித்தும் இந்தக் கசப்பு மிகையானது இல்லையா? அணை கட்டாத நாடு உண்டா?

ஆர்., லிவர்பூல்

அன்புள்ள ஆர்.,

லிவர்பூலுக்குத் தண்ணீர் தேவைப்பட்டது உண்மை. போர்க்காலக் குண்டுவீச்சில் சிதைந்த நகரம் அது. குளியலறைகூட இல்லாத நெரிசல் வீடுகளில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வாழ்ந்தன. தொழிற்சாலைகளும் பெருகிக்கொண்டிருந்தன. அந்தத் தேவையை யாரும் பழிக்க முடியாது. யாரிடமும் கேட்காமல் எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் வேல்ஸ் மக்களின் மனக்குறை. அதில் அவர்கள் பக்கம் முழு நியாயம் இருப்பதாகவே நான் நினைக்கிறேன்.

லிவர்பூல் மாநகராட்சி முதலில் டோலானோக் என்ற வேறொரு பள்ளத்தாக்கைக் குறிவைத்தது. பாசுரங்கள் எழுதிய ஆன் கிரிஃபித்ஸ் வாழ்ந்த மண் அது என்பதால் கடும் எதிர்ப்பு எழுந்தது. அதைக் கைவிட்டு, 1955 டிசம்பரில் காப்பெல் கெலின் இருந்த ட்ரிவெரின் ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு வந்தார்கள். தங்கள் வீடுகள் மூழ்கப்போகின்றன என்பதைக் காப்பெல் கெலின் மக்கள் செய்தித்தாளைப் பார்த்துத்தான் அறிந்தார்கள். மாநகராட்சியிலிருந்து ஒருவர் வந்து அவர்களுடைய வாசற்படி ஏறிச் சொல்லவில்லை. இந்த ஒன்றையே என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

1956 நவம்பரில் அந்த ஊர் மக்கள் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு லிவர்பூலுக்கே போய், நீங்கள் இன்று நடமாடும் அதே தெருக்களில் பதாகைகளுடன் ஊர்வலம் நடத்தினார்கள். மாநகராட்சி மனம் மாறவில்லை. வேல்ஸில் உள்ள உள்ளூர் மன்றங்களிடம் திட்ட அனுமதி கேட்டிருந்தால் மறுக்கப்பட்டிருக்கும். ஆகவே அந்தப் படியையே தாண்டிக் குதிப்பதற்காக நேராக லண்டன் நாடாளுமன்றத்தில் ஒரு தனி மசோதாவைக் கொண்டுபோனார்கள். அப்போது வேல்ஸின் சார்பில் அங்கே 36 உறுப்பினர்கள் இருந்தார்கள். மசோதாவின் இரண்டாம் வாசிப்பில் அவர்களில் ஒருவர்கூட அதை ஆதரித்து வாக்களிக்கவில்லை. ஆனாலும் அது நிறைவேறியது, 1957 ஆகஸ்டில் சட்டமானது. 67 பேர்தானே என்கிறீர்கள். அந்த வாக்கெடுப்பில் ஒரு நாடு முழுவதும் தன் பிரதிநிதிகளின் குரலுக்கு எடை ஏதும் இல்லை என்பதைக் கண்ணாரக் கண்டது.

இது முதல் முறையும் அல்ல. 1880களில் இதே லிவர்பூல் வெர்ன்வி ஆற்றில் அணை கட்டியபோது லான்வுதின் என்ற ஊர் மூழ்கியது. அடுத்து பர்மிங்ஹாம் நகரம் ஏலான் பள்ளத்தாக்கை எடுத்துக்கொண்டது.

காப்பெல் கெலினில் அப்படி என்ன இருந்தது என்று பார்த்தால், ஒரு தேவாலயம், ஒரு பள்ளிக்கூடம், ஒரு அஞ்சல் நிலையம், ஒரு கல்லறைத் தோட்டம், சுற்றிலும் பண்ணைகள். எல்லாம் வேல்ஷ் மொழியிலேயே நடந்தன. வழிபாடும் பாடமும் சண்டையும் சமாதானமும் அந்த மொழியில்தான். ஆங்கிலம் தேவைப்படாமலே ஒரு வாழ்நாளைக் கழித்துவிடக்கூடிய ஊர்கள் வேல்ஸிலேயே அருகிக்கொண்டிருந்த காலம் அது. பாட்டுக்கும் கவிதைக்கும் பெயர்போன வட்டாரமும்கூட. பக்கத்தில் வ்ரோன்கோக் ஊரில் பாப் ராபர்ட்ஸ் என்றொரு விவசாயி இருந்தார், மாவு மில்லும் நடத்தினார். வயதான காலத்தில் பி.பி.சி. வானொலியில் நாட்டுப்பாடல்கள் பாடி வேல்ஸ் முழுக்கப் புகழ்பெற்றார். 1951இல் மறைந்தார். அவரை வளர்த்தது இந்த மலைகளுக்குள் மாலையில் கூடிப் பாடும் வழக்கம்தான். ஆட்களைத் தனித்தனியாக வேறு இடங்களில் குடியமர்த்தலாம், இழப்பீட்டுக் காசோலையும் கொடுக்கலாம். ஒன்றாக உட்கார்ந்து பாடிய கூட்டத்தை அப்படிக் குடியமர்த்த முடியாது.

1963 செப்டம்பரில் தேவாலயத்தில் கடைசி வழிபாடு நடந்தது. கல்லறைத் தோட்டத்தில் இருந்தவர்களில் சிலரை மட்டும் உறவினர்கள் வேறிடத்துக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். மற்றவர்கள் அங்கேயே இருக்கிறார்கள், அவர்கள் மேல் கான்கிரீட் பரப்பப்பட்டது. நீங்கள் பார்த்த சிற்றாலயம் பழைய தேவாலயத்தின் கற்களைக் கொண்டு எழுப்பிய நினைவிடம். கல்லறைக் கற்கள் சிலவும் அதன் அருகே வைக்கப்பட்டிருக்கின்றன. பள்ளத்தாக்கின் வழியே பாலாவிலிருந்து ஃபெஸ்டினியோக் வரை ஓடிய ரயில் பாதையும் இந்த அணையால் முடிவுக்கு வந்தது.

எதிர்ப்பு முழுக்க அமைதியாகவே இருந்தது என்றும் சொல்ல மாட்டேன். 1963இல் கட்டுமான இடத்தில் இருந்த மின்மாற்றிக்கு வெடி வைத்தார்கள். 1965 அக்டோபர் 21 அன்று திறப்பு விழாவுக்கு நூற்றுக்கணக்கானோர் திரண்டு வந்து முழக்கமிட்டார்கள். ஒலிபெருக்கிக் கம்பியை யாரோ அறுத்துவிட்டார்கள். விழா சில நிமிடங்களில் முடிந்துபோனது.

மறு ஆண்டு கார்மார்தன் இடைத்தேர்தலில் வேல்ஸ் தேசியக் கட்சியான ப்ளைட் கம்ரியின் தலைவர் க்வின்வோர் எவன்ஸ் வென்றார். அந்தக் கட்சி நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தது அதுதான் முதல் தடவை. இந்த ஓர் அணையினால்தான் எல்லாம் நடந்தது என்பது மிகை. ஆனால் இன்றைய வேல்ஸ் சட்டமன்றம் வரை வந்த பாதையில் ட்ரிவெரினைத் தவிர்த்துவிட்டு யாரும் பேசுவதில்லை. 1960களின் தொடக்கத்தில் எழுத்தாளர் மைக் ஸ்டீவன்ஸ், மேற்குக் கடற்கரையை ஒட்டிய சாலையோரம் ஓர் இடிந்த வீட்டுச் சுவரில், 'ட்ரிவெரினை நினைவில் வையுங்கள்' என்று வேல்ஷ் மொழியில் எழுதினார். 2019இல் அந்தச் சுவரைச் சிதைத்தார்கள். அதற்குப் பதிலாக வேல்ஸெங்கும் கொட்டகைகளிலும் மதில்களிலும் அதே வாசகத்தை மக்கள் எழுதினார்கள். அவர்களில் பலர் அணை திறந்தபோது பிறந்திராதவர்கள்.

2005 அக்டோபரில் லிவர்பூல் நகராட்சி மன்றம் மன்னிப்புக் கேட்டது. நாற்பது ஆண்டுகள் தாமதம்தான். ஆனாலும் கேட்டது நல்லது என்றே நினைக்கிறேன். ஒன்று தெரியுமா, அந்த ஏரியிலிருந்து லிவர்பூலுக்கு நேரடிக் குழாய் கிடையாது. ஏரியில் தேக்கிய நீரை ட்ரிவெரின் ஆற்றில் திறந்துவிடுகிறார்கள். அது பாலா அருகே டீ நதியில் கலந்து ஓடுகிறது, பிறகு செஸ்டர் பக்கத்தில் இறைத்துச் சுத்திகரிக்கிறார்கள். நீங்கள் பார்த்த படகுகள் மிதந்ததும் அந்தத் திறந்துவிட்ட நீரில்தான்.

மறுபடி போனால் வ்ரோன்கோக்கில் வண்டியை நிறுத்துங்கள், அணையிலிருந்து பாலா போகும் வழியில்தான் இருக்கிறது. 1916இல் டப்ளினில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான ஈஸ்டர் எழுச்சி நசுக்கப்பட்ட பிறகு, சுமார் 1,800 அயர்லாந்துக்காரர்களை அங்கே பழைய விஸ்கி ஆலையிலும் மரக்கொட்டகைகளிலும் அடைத்துவைத்தார்கள். பின்னாளில் அயர்லாந்து விடுதலைப் போராட்டத்தின் தலைவர்களில் ஒருவரான மைக்கேல் காலின்ஸும் அவர்களில் ஒருவர். விடுதலையாகி ஊர் திரும்பியவர்கள் பலர் அடுத்த போராட்டத்துக்கு அங்கேதான் தயாராகியிருந்தார்கள். சாலையோரம் நினைவுப்பலகை ஒன்று இருக்கிறது. மழை இல்லாவிட்டால் அரெனிக் மலையையும் விட்டுவிடாதீர்கள். ஓவியர்கள் அகஸ்டஸ் ஜானும் ஜேம்ஸ் இன்னஸும் 1911 வாக்கில் அதன் அடிவாரத்தில் தங்கி அந்த மலையைத் திரும்பத் திரும்ப வரைந்தார்கள். உங்களுடன் பணிபுரியும் அந்த வேல்ஸ் நண்பருக்கு நேரம் இருந்தால் அவரையும் அழைத்துப்போங்கள்.

அன்புடன்.