காரின் உட்புறத்தில் உள்ள பளபளப்பான மரப் பலகையில் கீறல் விழுந்தால் நாமே சரிசெய்ய முடியுமா, அல்லது பலகையையே மாற்ற வேண்டுமா?

பெரும்பாலான கீறல்களை நாமே சரிசெய்ய முடியும். ஆனால் கீறல் எந்தப் படலத்தில் விழுந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் உப்புத்தாளைக் கையில் எடுக்கக் கூடாது. நான் இரண்டு வாரம் மாலை நேரங்களில் உட்கார்ந்து செய்த வேலையை வைத்து இந்தப் பதிலை எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது 1996ஆம் ஆண்டு பென்ஸ் இ220. புனேயில் பாகங்களைக் கோத்துத் தயாரித்த டபிள்யூ124 வகை. கியரைச் சுற்றியுள்ள பலகையும் ஆஷ்ட்ரே மூடியும் ஜீப்ரானோ மரத்தால் ஆனவை. மத்திய ஆப்பிரிக்காவின் கேமரூன், கபோன் காடுகளில் வளரும் இந்த மரத்தில் வெளிர் நிறமும் கரும்பழுப்புமாக வரிகள் ஓடும். முன்பு வைத்திருந்தவர் சாவிக்கொத்தையும் சில்லறையையும் பல ஆண்டுகளாக அதன் மேலேயே போட்டு எடுத்ததில், வரிகளே மங்கும் அளவுக்கு வெள்ளை வெள்ளையாகக் கோடுகள் விழுந்திருந்தன. பட்டறையில் காட்டியபோது, புதிய பலகை வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை என்றார்கள்.

உண்மையில் அந்தக் கோடுகளில் பெரும்பாலானவை மரத்தைத் தொடவே இல்லை. இத்தகைய பலகைகளில் மரம் என்பது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான மெல்லிய சீவல்தான். நாம் தொட்டுப் பார்ப்பது அதன் மேல் கண்ணாடி போல ஊற்றப்பட்ட வார்னிஷ் படலத்தை. கீறலின் கரடான ஓரங்களில் ஒளி சிதறுவதால்தான் அது வெள்ளையாகத் தெரிகிறது. விரலைத் தண்ணீரில் நனைத்துக் கீறலின் மேல் தடவிப் பாருங்கள். ஈரம் இருக்கும்வரை கோடு மறைந்தால் கீறல் வார்னிஷோடு நின்றுவிட்டது என்று பொருள். நனைத்த பிறகும் தெரிந்தால், அல்லது நகம் அதில் நன்றாகச் சிக்கினால், கீறல் ஆழமானது.

இன்னொன்றையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும். பல கார்களில் இருப்பது மரமே அல்ல. பிளாஸ்டிக்கின் மேல் மர வரிகளை அச்சிட்ட படலம். ஒரே வரி வடிவம் திரும்பத் திரும்ப வந்தால் சந்தேகப்படலாம். அதன் மேலுள்ள பூச்சு மிக மெல்லியது என்பதால், அங்கே உப்புத்தாள் வேண்டாம். நைஸ் பாலிஷோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மர வகையாக இருந்தால், பலகையைக் கழற்றி மேசையில் வைத்து வேலை செய்வதே நல்லது. ஜன்னல் சுவிட்சுகளின் இணைப்புகளைப் பிரிப்பதற்கு முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வாட்டர் பேப்பரில், அதாவது நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளில் (நம்பர் கூடக் கூடத் தாள் நைஸாக இருக்கும்), 1500 நம்பரில் தொடங்கி 2000, பிறகு 3000 என்று போனால் போதும். கீறல்கள் சற்று அழுத்தமாக இருந்தால் மட்டும் 1000. பேப்பரைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அழிரப்பர் ஒன்றில் சுற்றித் தேய்க்க வேண்டும். விரலால் அழுத்தித் தேய்த்தால் விரல் பட்ட இடமெல்லாம் பள்ளமாகிவிடும். தேய்க்கும்போது பால் போல வெள்ளைக் கரைசல் வரும், அது வார்னிஷ். பழுப்பு நிறம் கலந்து வந்தால் மரத்தைத் தொட்டுவிட்டோம் என்று பொருள், அந்த நொடியே நிறுத்த வேண்டும். விளிம்புகளில் வார்னிஷ் மெல்லியதாக இருப்பதைக் கவனிக்காமல் ஆஷ்ட்ரே மூடியின் ஒரு மூலையில் நான் அப்படித் தேய்த்துவிட்டேன். அங்கே நகக்கண் அளவுக்கு ஒரு வெளிறிய புள்ளி இன்றும் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது. எனவே விளிம்புகளில் மாஸ்கிங் டேப்பை ஒட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

ஆழமான கீறல் ஓரிரண்டு மட்டும் இருந்தால், தண்ணீர் போல ஓடும் வகை சூப்பர் குளூவைக் குண்டூசி முனையால் சொட்டுச் சொட்டாக விட்டுச் சற்று மேடாகும்வரை நிரப்புங்கள். ஒரு நாள் முழுக்கக் காய்ந்த பிறகு மேட்டைத் தேய்த்துச் சமப்படுத்தி, மற்ற இடங்களைப் போலவே மெருகேற்றலாம்.

வெயிலில் நின்று நின்று வார்னிஷ் முழுவதும் நுண்ணிய வெடிப்புகளாகப் பிளந்திருந்தால் இந்த முறைகள் எதுவும் பயன்படாது. பழைய படலத்தை முழுவதுமாக நீக்கி, கார் பெயின்டரிடம் கொடுத்து ஹார்டனர் (பூச்சை இறுகச் செய்யும் திரவம்) கலந்த கிளியர் கோட்டை, அதாவது நிறமற்ற மேல்பூச்சைப் பல முறை அடிக்கச் சொல்ல வேண்டும். அந்த ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் நுரையீரலுக்குப் பெருங்கேடு விளைவிக்கும். துணி முகமூடி அதைத் தடுக்காது என்பதால் வீட்டில் அடிக்க முயல வேண்டாம். டாஷ்போர்டுக்குப் போடும் சிலிக்கான் பாலிஷ் அந்தப் பலகையில் எப்போதாவது பட்டிருந்தால் அதையும் பெயின்டரிடம் சொல்லிவிடுங்கள்; நன்றாகத் துடைக்காமல் அடித்தால் பூச்சில் சிறு சிறு குழிகள் விழும்.

3000 நம்பர் முடிந்ததும் பலகை மங்கலாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். ரப்பிங் காம்பவுண்ட் என்ற சற்றுக் கரடான மெருகுப் பசையை முதலிலும் நைஸ் பாலிஷை அடுத்தும், சுத்தமான மைக்ரோஃபைபர் துணியில் எடுத்துப் பொறுமையாகத் தேய்த்தால் பளபளப்பு திரும்பிவிடும். பிறகு பலகையை டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடியுங்கள். அதில் தெரியும் விளக்கின் ஓரம் கத்தியால் வெட்டியது போல நேராக இருந்தால் காரில் திரும்பப் பொருத்தலாம். புகை படர்ந்தது போலத் தெரிந்தால் 2000 நம்பருக்குத் திரும்பிப் போக வேண்டும்.