மனப்பதற்றமும் மனச்சோர்வும் பசியைத் தின்றுவிட்டால் போதுமான அளவு எப்படிச் சாப்பிடுவது?

இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை, எடை குறைந்துகொண்டே போகிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். எதில் இரண்டு வாய் என்பதுதான் எனக்கு முதலில் கேட்கத் தோன்றியது. வெறும் ரசம் சோற்றில் இரண்டு வாய் என்றால் அது கணக்கிலேயே சேராது. நெய் விட்டுப் பிசைந்த பருப்புச் சோற்றில் இரண்டு வாய், பாலில் காய்ச்சிய சத்துமாவுக் கஞ்சியில் நான்கு மடக்கு என்றால் கதை வேறு. எட்டு மாதம் இந்தக் கணக்கோடு மல்லுக்கு நின்றவன் என்பதால் எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்ல. ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறவன்.

2021ஆம் ஆண்டின் பிற்பகுதி. தாம்பரத்துக்குப் பக்கத்தில் தனி அறையில் இருந்தேன். அந்தக் கோடையில்தான் அப்பா இறந்திருந்தார். அலுவலகத்தில் ஆள் குறைக்கப் போகிறார்கள் என்று வாரத்துக்கு ஒரு வதந்தி வரும். எப்போது தொடங்கியது என்று தெரியாமலே சாப்பாடு நின்றுபோனது. இட்லியைப் பிட்டு வாயில் வைத்தால் பஞ்சை மெல்வதுபோல இருக்கும். மென்றுகொண்டே இருப்பேன், தொண்டைக்குழியைத் தாண்டாது. மூன்று மாதத்தில் 62 கிலோ 54 ஆனது. பெல்ட்டில் ஆணியைக் காய்ச்சிப் புது ஓட்டை போட்டேன். "நன்றாக இளைத்துவிட்டீர்களே, என்ன டயட்?" என்று உடன் வேலை பார்ப்பவர் ஒருவர் ஆசையாகக் கேட்டார். காலையில் நடக்கிறேன் என்று சொல்லிவைத்தேன்.

இரவு ஒன்பது மணிக்கு அம்மா கோவில்பட்டியிலிருந்து பேசுவார். "சாப்பிட்டாயா ராசா?" "சாப்பிட்டேன்மா." "என்ன சாப்பிட்டாய்?" "தோசை." அப்பாவை இழந்து உட்கார்ந்திருக்கும் அவரிடம் வேறென்ன சொல்வது? நம் வீடுகளில் நலம் விசாரிக்க இருப்பதே அந்த ஒரு கேள்விதான். அதற்குப் பொய் சொல்லப் பழகிவிட்டால் பிறகு எல்லாவற்றுக்கும் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது. தட்டிக் கேட்க ஆளில்லாத அறையில் பட்டினி வெகு சுலபமாக நடக்கும்.

பிறகு மருத்துவர் விளக்கியபோது கொஞ்சம் புரிந்தது. பயம் வந்தால் உடம்பு ஓடுவதற்கோ சண்டை போடுவதற்கோ தயாராகிறது. அட்ரினலின் சுரக்கிறது, குடலுக்குப் போகும் ரத்தம் குறைந்து தசைகளுக்குப் பாய்கிறது, வாய் வறண்டுபோகிறது, இரைப்பை வேலையை மெதுவாக்கிக்கொள்கிறது. புலி துரத்தும்போது யாரும் பந்தியில் உட்கார மாட்டார்கள் அல்லவா? எனக்குப் புலி காலை ஐந்தரை மணிக்கே எழுந்துவிடும், அவ்வளவுதான். மனச்சோர்வு பசியைக் கெடுப்பது இன்னொரு வழியில். அதில் தொண்டை அடைப்பதில்லை. எதைப் பார்த்தாலும் வேண்டும் என்று தோன்றுவதில்லை. எழுந்து, அரிசி கழுவி, அடுப்பு பற்றவைத்து, பிறகு பாத்திரம் தேய்ப்பது வரை நினைத்துப் பார்த்தாலே போதும், போர்வையை இழுத்து மூடிக்கொள்ளலாம் என்றாகிவிடும்.

இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தாலும் இரண்டையும் ஒரே மாதிரி சமாளிக்க முடியாது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு வெகுநாள் ஆனது. பதற்றம் முற்றியிருக்கும் வேளையில் மெல்லும் உணவு வேண்டாம், குடிக்கும் உணவு போதும். சோர்வு அழுத்தும் வேளையில் என்ன உணவு என்பதைவிட அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதுதான் முக்கியம். சமையலறையில் இருக்கும் பொங்கலைவிடக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும் வாழைப்பழம் மேல்.

பசித்துப் புசி என்பார்கள். நல்லதொரு பழமொழி, பசி எடுக்கிறவர்களுக்கு. நமக்கு அது விஷம். பசி வரட்டும் என்று காத்திருந்தால் மாலை நான்கு மணி ஆகிவிடும். அதற்குள் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், அதையும் பதற்றம் என்றே எடுத்துக்கொண்டு இன்னும் பயப்படுவோம். ஒருநாள் தாம்பரம் ரயில் நிலைய நடைமேடையில் அப்படித்தான் நின்றேன். இதயம் நின்றுவிடப் போகிறது என்றே நினைத்தேன். காலையிலிருந்து உள்ளே போயிருந்தது இரண்டு காபி மட்டும். பக்கத்தில் நின்ற பெரியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கடையில் ஒரு பன் வாங்கிக் கையில் திணித்து, "முதலில் இதைத் தின்னு தம்பி" என்றார். அவர் பார்த்துக்கொண்டு நின்றதால் தின்று முடித்தேன். கால் மணி நேரத்தில் நடுக்கம் அடங்கியது. இதயம் அதுபாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது. நெஞ்சுவலி வந்தால் பன் தின்று பார்க்காமல் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். வெறும் வயிறும் காபியும் சேர்ந்து பதற்றத்தைப் போலவே வேடம் போடும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அன்று இரவு மதுரையில் இருக்கும் அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். அவள் திட்டவில்லை, அழவும் இல்லை. மறுநாளிலிருந்து கேள்வியை மட்டும் மாற்றினாள். "சாப்பிட்டாயா?" என்று கேட்கவே இல்லை. "இன்றைக்கு என்ன தம்பி இறங்கியது?" என்றாள். அரை டம்ளர் பால், நாலு பேரீச்சம்பழம் என்று சொன்னால், "சரி, குறித்துக்கொண்டேன்" என்பாள். சாப்பாடு என்றால் சோறு, குழம்பு, கறி, மோர் என்று நம் மனதில் ஒரு படம் இருக்கிறது. அது அமையாத நாளில் மற்றதெல்லாம் நொறுக்குத் தீனி, கணக்கில் வராது. அந்தப் படத்தை அக்கா கிழித்துப்போட்டாள். இறங்கியதெல்லாம் சாப்பாடுதான்.

கணக்கு எழுதுகிற புத்தி எனக்கு, நானும் ஒரு நோட்டுப் போட்டேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டு அட்டவணைப்படி, உட்கார்ந்து வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்குச் சுமார் 2,110 கிலோகலோரி (பேச்சில் வெறும் கலோரி என்போம்) வேண்டும், பெண்ணுக்குச் சுமார் 1,660. அதைப் பார்த்து மலைத்துப்போனேன். ஆனால் ஆரஞ்சு நிற ஆவின் பாக்கெட்டில் வரும் பாலில் 6 சதவீதம் கொழுப்பு இருக்கிறது. ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி, கிட்டத்தட்ட 170 கலோரி. அதில் மூன்று மேசைக்கரண்டி சத்துமாவும் வெல்லமும் சேர்த்துக் காய்ச்சினால் 300ஐத் தொட்டுவிடும். ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலை, 30 கிராம் என்று வையுங்கள், இன்னொரு 170. இரண்டு அவித்த முட்டை 140, அதோடு 12 கிராம் புரதம். ஒரு வாழைப்பழம் 100. சோற்றுப் பருக்கை ஒன்றுகூட உள்ளே போகாமல் 700ஐத் தாண்டிவிட்டோம். முழுத் தேவை இல்லைதான். ஆனால் இரண்டு காபியில் ஓடிய நாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எண்களைப் பார்த்தால் பதற்றம் கூடுகிற ஆளாக இருந்தால் இந்தப் பத்தியை மறந்துவிடுங்கள். எனக்கு எண்கள்தான் ஆறுதல்.

அக்கா சொன்ன இன்னொரு யோசனை பிளாஸ்க். விடியற்காலைதான் எனக்கு மோசமான வேளை, அப்போது எழுந்து அடுப்பு மூட்டுவது நடக்காத காரியம். அதனால் படுக்கும் முன்பே கஞ்சியைக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சி, வெந்நீரில் அலசிய பிளாஸ்க்கில் ஊற்றித் தலைமாட்டில் வைத்துவிடுவேன். பால் சேர்த்தால் விடிவதற்குள் திரிந்துபோகிறது, அதனால் இரவில் தண்ணீரில் காய்ச்சிக் காலையில் பால்பவுடர் கலந்துகொண்டேன். எழுந்து உட்காரும் முன் மூன்று மடக்கு. பல் தேய்க்காமலா என்று கேட்காதீர்கள், ஆமாம், பல் தேய்க்காமல்தான். இரவு எட்டு மணிக்கு மேல் நெஞ்சு கொஞ்சம் தணியும். அந்த நேரத்தில் தயிர்ச் சோறோ இரண்டு தோசையோ இறங்கும். காலை உணவுதான் முக்கியம் என்ற பாடத்தை அப்போதைக்கு ஓரம் கட்டிவிட்டு, பெரிய சாப்பாட்டை இரவுக்கு மாற்றிக்கொண்டேன்.

மதியம் ஒரு மெஸ்ஸில் சாப்பாடு. பரிமாறும் அம்மா சோற்றைக் குவித்துவிடுவார். அந்தக் குவியலைப் பார்த்ததுமே எனக்கு வயிறு மூடிக்கொள்ளும். "பாதி போதும்மா" என்றால், "இளவட்டப் பிள்ளை, இதுகூடச் சாப்பிடாவிட்டால் எப்படி?" என்று இன்னும் ஒரு கரண்டி வைப்பார். கடைசியில் வயிற்றுக்கு வைத்தியம் நடக்கிறது என்றேன். மறுநாள் முதல் சின்னக் கிண்ணத்தில் சோற்றைக் குழைத்துப் பருப்பும் ரசமும் ஊற்றிக் கரைத்து, ஓரத்தில் ஒரு துண்டு நார்த்தங்காய் வைத்துக் கொடுத்தார். அந்தப் புளிப்பை முதலில் நாக்கில் வைத்தால் எச்சில் ஊறும், பிறகு சோறு வழுக்கிக்கொண்டு போகும். கிண்ணத்தைக் காலி செய்வதில் ஒரு சின்ன வெற்றி இருக்கிறது. தட்டில் பாதியை மிச்சம் வைத்து எழுந்தால் அதே அளவு சாப்பாடு தோல்வியாகிவிடுகிறது.

சாப்பிடும்போது கைபேசி பார்க்கக் கூடாது என்பார்கள். நான் பார்த்தேன். முடிவு தெரிந்த பழைய கிரிக்கெட் ஆட்டங்கள். முடிவு தெரியாத ஆட்டம் என்றால் அதற்கும் பயம் வரும்! கவனம் திரையில் இருக்கும்போது கை தானாக வாய்க்குப் போகும். மேசை டிராயரில் எங்கள் ஊர்க் கடலை மிட்டாய் எப்போதும் இருக்கும். 2020இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, அந்தப் பெருமையைச் சொல்லாமல் விட மனமில்லை. மதியத்துக்குப் பிறகு காபியை நிறுத்தினேன். காபி பசியையும் தூக்கத்தையும் சேர்த்துக் கெடுத்துக்கொண்டிருந்தது, நிறுத்திய பிறகுதான் தெரிந்தது.

செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். மருந்துக் கடையில் பசி எடுக்க டானிக் கேட்டு வாங்கிக் குடித்தேன். அதில் இருந்தது சைப்ரோஹெப்டடின், பசியோடு தூக்கத்தையும் வரவைக்கும் ஒவ்வாமை மருந்து. ஒரு வாரம் அலுவலகத்தில் தூங்கி வழிந்ததுதான் மிச்சம். கோளாறு வயிற்றில் இல்லையே. அம்மா தன் பங்குக்குத் திருநீறு மந்திரித்துத் தபாலில் அனுப்பினார். அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை, பூசிக்கொண்டேன்.

முதலில் பார்த்த பொது மருத்துவர் தைராய்டு, சர்க்கரை, மார்பு எக்ஸ்ரே எல்லாம் எடுக்கச் சொன்னார். எனக்கு எரிச்சலாக இருந்தது, ஆனால் அவர் செய்தது சரி. ஆறு மாதத்தில் எடை 5 சதவீதத்துக்கு மேல் காரணமின்றிக் குறைந்தால் காசநோய், நீரிழிவு, தைராய்டு ஆகியவை இல்லையென்று உறுதி செய்துகொள்ள வேண்டும். எல்லாம் மனசுதான் என்று நாமாகத் தீர்ப்பு எழுதிக்கொள்ளக் கூடாது. பிறகு மனநல மருத்துவர். பதற்றத்துக்கும் சோர்வுக்கும் அவர் எழுதிக் கொடுத்த எஸ்சிட்டலோபிராம் மாத்திரை முதல் பத்து நாள் குமட்டலைக் கூட்டியது. சாப்பிட்ட பிறகு போடுங்கள், இரண்டு வாரத்தில் அடங்கும் என்று அவர் முன்பே எச்சரித்திருந்ததால் நிறுத்தாமல் தாக்குப்பிடித்தேன். எடை ஏறவில்லை என்று பார்த்த பிறகு இரவுக்கு மிர்டாசபின் என்ற இன்னொரு மனச்சோர்வு மருந்தைச் சேர்த்தார். அது சிலருக்குத் தூக்கத்தையும் பசியையும் கூட்டும். எனக்குக் கூட்டியது. உங்களுக்கு எது பொருந்தும் என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும், என் சீட்டைக் காப்பியடிக்க வேண்டாம். ஆனால் போகும்போது தூக்கம், அழுகையோடு நிறுத்தாமல், "எட்டு கிலோ குறைந்திருக்கிறேன்" என்று எண்ணைச் சொல்லுங்கள். மருந்தைத் தேர்ந்தெடுப்பதில் அது கணக்கில் வரும்.

சில நேரங்களில் மேலே எழுதிய கஞ்சிக் கதை எதுவும் போதாது. ஐந்து நாளுக்கு மேல் ஏறத்தாழ ஒன்றுமே சாப்பிடாமல் இருந்திருந்தால், திடீரென்று மூக்குமுட்டச் சாப்பிடாதீர்கள். ரத்தத்தில் பாஸ்பேட் போன்ற உப்புகள் சரிந்து இதயத்தையே பாதிக்கலாம். மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை செய்து, மெதுவாகத்தான் தொடங்க வேண்டும். தண்ணீர்கூட நிற்கவில்லை, எழுந்தால் கண் இருட்டுகிறது, சிறுநீர் அடர்ந்த மஞ்சளாகக் கொஞ்சமாகப் போகிறது என்றால் அன்றைக்கே போங்கள். எடை ஏறிவிடுமோ என்ற பயத்தில்தான் சாப்பாட்டைத் தள்ளுகிறீர்கள் என்றால் அது வேறு நோய், அதற்கு வைத்தியமும் வேறு, அதை மறைக்காமல் சொல்லுங்கள். வாழ்ந்து என்ன ஆகப்போகிறது என்ற எண்ணம் வந்தால் இந்தப் பதிலை மூடிவிட்டு 14416ஐ அழையுங்கள். அரசின் டெலி-மானஸ் எண் அது, 2022 முதல் இயங்குகிறது. கட்டணமில்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

இப்போது 61 கிலோ இருக்கிறேன். போன மாதம் தணிக்கை நேரத்தில் மூன்று நாள் பழையபடி தொண்டை அடைத்தது. பிளாஸ்க்கைப் பரணிலிருந்து இறக்கி, கழுவி, கஞ்சி ஊற்றி வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் அக்கா போனில் கேட்டாள். "அரைப் பிளாஸ்க்" என்றேன். "மீதியை மதியத்துக்கு வைத்துக் குடிக்காதே, புளித்துப்போகும்" என்றாள்.