வலதுசாரிகளுக்கு எதிரான ஆர்ப்பாட்டத்துக்குப் போனால் பிள்ளையின் சிட்டிசன்ஷிப் கெடுமா?

கேள்வி: கிழக்கு லண்டனில் இருக்கிறோம். மகனுக்கு 19 வயது, ஐஎல்ஆர் (நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) கிடைத்து ஒரு வருடம் முடியப் போகிறது. சிட்டிசன்ஷிப்புக்குப் போடுவதற்காகக் காத்திருக்கிறோம். வருகிற சனிக்கிழமை, அகதிகளைத் தங்கவைத்திருக்கும் ஒரு ஹோட்டலுக்கு முன்னால் வலதுசாரிகள் கூடப் போகிறார்களாம். அவர்களை எதிர்த்து நிற்பவர்களோடு தானும் போக வேண்டும் என்று மகன் நிற்கிறான். எங்களுக்கு ஃபோர்ம் நிரப்பித் தரும் ஒருவர், "போனால் பாஸ்போர்ட்டை மறந்துவிடுங்கள்" என்கிறார். 250 பவுண்ட் கொடுத்தால், ஏதும் நடந்தால் காட்டுவதற்கு ஒரு நன்னடத்தைக் கடிதம் இப்போதே எடுத்து வைக்கலாம் என்றும் சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: மகன் போகலாம் அம்மா. ஐஎல்ஆர் உள்ளவர் மட்டுமல்ல, மாணவர் விசாவில் இருப்பவரும், தஞ்சக் கோரிக்கைக்கு முடிவு வராதவரும்கூட அமைதியான ஆர்ப்பாட்டத்தில் நிற்கலாம். ஒரே இடத்தில் கூடி நிற்பதற்குப் பொலிஸாரிடம் அனுமதி எடுக்க வேண்டும் என்று இங்கிலாந்தில் சட்டம் இல்லை. ஊர்வலம் என்றால் 6 முழு நாட்களுக்கு முன் அறிவிக்க வேண்டும். அது ஏற்பாட்டாளரின் பொறுப்பு. 2024 ஆகஸ்ட் 7ஆம் திகதி, குடிவரவுச் சட்ட அலுவலகங்களைத் தாக்கப் போவதாக நாடு முழுவதும் வதந்தி பரவிய அன்று, வோல்தம்ஸ்டோவிலும் நோர்த் ஃபின்ச்லியிலும் ஆயிரக்கணக்கானவர்கள் தெருவில் இறங்கினார்கள். அப்படிப் போய் நின்றதற்காக மட்டும் ஒருவருடைய சிட்டிசன்ஷிப்பை மறுக்க விதி கிடையாது.

சிட்டிசன்ஷிப்பைக் கெடுப்பவை வேறு. சட்டைப்பையில் இருக்கும் ஒரு பொருள், கையில் பிடிக்கும் ஒரு கொடி, பொலிஸ் நிலையத்தில் நடுச்சாமத்தில் போடும் ஒரு கையெழுத்து, பிறகு ஃபோர்மில் மறைக்கும் ஒரு வரி. இந்த நாலையும் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

முதலில் சட்டைப்பை. இப்படிப்பட்ட நாட்களில் பொலிஸார் அந்தப் பகுதிக்கு 60ஆம் பிரிவு என்ற அதிகாரத்தை அறிவிக்கலாம். 1994ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ளது. அறிவித்தால் 24 மணித்தியாலத்துக்கு, நீட்டித்தால் 48 மணித்தியாலம் வரைக்கும், சந்தேகத்துக்குக் காரணம் எதுவும் இல்லாமலே யாரையும் நிறுத்திச் சோதிக்கலாம். நம் பிள்ளைகளில் பலர் கடையில் வேலை செய்கிறார்கள். பெட்டி வெட்டும் பிளேட் கத்தியை ஜக்கெட் பையில் போட்டபடி அப்படியே வந்துவிடுவார்கள். வேலைக்குக் கொண்டு போனேன் என்ற நியாயம் வேலைக்குப் போகும் வழியில் எடுபடும். சனிக்கிழமை மத்தியானம் ஆர்ப்பாட்டக் கூட்டத்துக்குள் எடுபடாது. பொது இடத்தில் கத்தி வைத்திருந்த குற்றத்துக்கு உச்சத் தண்டனை 4 வருடம். வெளிக்கிட முன் மகனுடைய ஜக்கெட், பை, பென்சில் பெட்டி எல்லாவற்றையும் கவிழ்த்துப் பாருங்கள். பதாகைக்குத் தடித்த மரக்கம்பு வேண்டாம், மட்டை அட்டையும் கார்ட்போர்ட் குழாயும் போதும். கண்ணாடிப் போத்தலும் வேண்டாம்.

நிறுத்திச் சோதிக்கும்போது பெயர், விலாசம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. தட்டிவிடாமல், வாக்குவாதப்படாமல் சோதிக்க விட்டு, சோதனைப் பதிவின் பிரதியைக் கேட்டு வாங்க வேண்டும். முகமூடியைக் கழற்றச் சொன்னால் கழற்றிவிட வேண்டும். அந்த அதிகாரம் அறிவிக்கப்பட்ட இடத்தில் மறுப்பதே குற்றம்.

அடுத்தது நிற்கும் இடம். 1986ஆம் ஆண்டுப் பொது ஒழுங்குச் சட்டத்தின் 14ஆம் பிரிவில் பொலிஸார் நிபந்தனை போடுவார்கள்: இந்தக் கூட்டம் இந்த நடைபாதையில், அந்தக் கூட்டம் அந்தச் சந்திக்கு அப்பால், இத்தனை மணிக்குக் கலைய வேண்டும். வரைபடமும் போட்டுக் காட்டுவார்கள். முந்தி, நிபந்தனையைத் தெரிந்தே மீறினால்தான் குற்றம். 2022இல் திருத்திய பிறகு "தெரிந்திருக்க வேண்டும்" என்ற நிலையிலேயே குற்றம் ஆகிவிடும். பங்குபற்றியவருக்கு 2,500 பவுண்ட் வரை அபராதம். இதில் எனக்குக் கடுமையான கோபம் உண்டு. நிபந்தனையை அன்று காலையில் சமூக வலைத்தளத்தில் போட்டுவிட்டு, மத்தியானம் ரயிலால் இறங்கி வரும் பத்தொன்பது வயதுப் பிள்ளை அதைத் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். தெருவில் தாள் ஒட்டுவதற்கு என்ன செலவு? ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. எனவே வெள்ளி இரவும், சனி காலை புறப்படும்போதும், அந்தப் பகுதிப் பொலிஸாரின் இணையத்தளத்தையும் சமூக வலைத்தளப் பக்கத்தையும் மகன் பார்க்க வேண்டும். படத்தை ஃபோனில் சேமித்து வைக்கட்டும். எதிரணிக்கும் தன் அணிக்கும் இடையில் பொலிஸார் வெறுமையாக விட்டிருக்கும் இடத்துக்குள் கால் வைக்கக் கூடாது. கடைக்குப் போகவும் கழிவறைக்குப் போகவும் அதைக் குறுக்கே கடக்கிறவர்கள்தான் வீணாக மாட்டுகிறார்கள்.

முடிந்த பிறகு ஸ்டேஷனுக்குத் தனியாக நடக்க வேண்டாம். ஆர்ப்பாட்டம் நடக்கும்போது நடுவில் பொலிஸ் வரிசை நிற்கும். கலையும்போது அது இல்லாமல் போகும். இரு பக்கத்தாரும் ஒரே பிளாட்ஃபோர்மில் இறங்குவார்கள். அடிபாடு அங்கேதான் வருகிறது. ஐந்தாறு பேராக, பதாகையை மடித்து வைத்துவிட்டு, அடுத்த ஸ்டேஷனுக்கு நடக்கட்டும்.

கொடி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது நம்மவர்களுக்கே உரிய பொறி. இனவாதத்துக்கு எதிரான கூட்டங்களில் ஒவ்வொரு சமூகத்தாரும் தங்கள் கொடியோடு வருவதைப் பார்த்து, நம் இளையவர்கள் புலிச்சின்னம் உள்ள கொடியைக் கொண்டுபோக நினைப்பார்கள். விடுதலைப் புலிகள் அமைப்பு 2001 முதல் பிரித்தானியாவில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் தடைசெய்யப்பட்டிருக்கிறது. அந்தச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, தடைசெய்யப்பட்ட அமைப்பின் ஆதரவாளர் என்று நியாயமான சந்தேகம் வரும் விதத்தில் ஒரு பொருளைக் காட்டினாலே குற்றம். மனதில் என்ன நினைத்தார் என்பது பொருட்டே இல்லை. 2022இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்துவிட்டது. 6 மாதம் வரை சிறை. "தடையை எடுத்துவிட்டார்களே" என்று பலர் அடித்துச் சொல்வார்கள். குழப்பம் வந்த வழி இது: ஐரோப்பிய ஒன்றியத்தின் பட்டியல் பற்றி 2014இலும் 2017இலும் ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்புகள் வந்தன. அவை ஐரோப்பிய ஒன்றியத்தின் சொத்து முடக்கப் பட்டியல் பற்றியவை. பிரித்தானியாவின் தடை வேறு சட்டம், வேறு பட்டியல். பிறகு 2020 ஒக்ரோபரில், தடை நீக்க மறுத்த உள்துறை அமைச்சரின் முடிவு பிழையானது என்று லண்டனில் உள்ள சிறப்பு மேல்முறையீட்டு ஆணைக்குழு சொன்னது. முடிவு எடுத்த முறையில் பிழை என்றார்களே தவிர, தடை அன்றும் நீங்கவில்லை. தலைப்பை மட்டும் படித்தவர்கள் நீங்கிவிட்டது என்றே இன்றும் பரப்புகிறார்கள். சிட்டிசன்ஷிப்புக்குக் காத்திருக்கும் பிள்ளை இந்த வாதத்துக்குள் போகவே கூடாது. சின்னம் எதுவும் இல்லாமல் தமிழில் எழுதிய பதாகை பிடிப்பதற்குத் தடை இல்லை.

இனி பொலிஸ் நிலையம். பிழை செய்யாதவரையும் கூட்டத்தோடு கூட்டமாகக் கொண்டுபோவது உண்டு. கைதானால் ஃபோனை எடுத்துவிடுவார்கள். மனதில் இருக்கும் நம்பர் அந்த நேரத்தில் வராது. எனவே, ஆர்ப்பாட்ட வழக்குகளில் அனுபவம் உள்ள ஒரு கிரிமினல் சொலிசிட்டர் நிறுவனத்தின் 24 மணிநேர நம்பரை அழியாத மை மார்க்கரால் முன்கையில், மணிக்கட்டுக்கு மேலே எழுதிக்கொண்டு போக வேண்டும். உள்ளங்கையில் எழுதினால் வியர்வையில் போய்விடும். ஆர்ப்பாட்டத்தில் சட்டக் கண்காணிப்பாளர்கள் என்று தொண்டர்கள் நிற்பார்கள். நம்பர் அச்சிட்ட சிறிய அட்டையை அவர்களிடமும் வாங்கலாம். வெளிர்நீல மேலங்கி போட்டுக்கொண்டு சிரித்த முகத்தோடு கதை கேட்பவர்கள் பொலிஸார். தகவல் சேர்ப்பதும் அவர்கள் வேலை. ஆளை மாற்றி நினைத்துவிடாதீர்கள்.

நிலையத்தில் பெயர், பிறந்த திகதி, விலாசம் சொல்ல வேண்டும். எந்த நாட்டவர் என்று கேட்டால் அதையும் சொல்ல வேண்டும், மறுப்பது தனிக் குற்றம். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் சொலிசிட்டர் வரும்வரை வேண்டாம். பொலிஸ் நிலையத்தில் சொலிசிட்டர் உதவி எல்லாருக்கும் இலவசம். சம்பளம் எவ்வளவு, விசா என்ன என்று பார்ப்பதில்லை. மொழிபெயர்ப்பாளரும் இலவசம். "சொலிசிட்டர் வர நேரமாகும், இல்லாமல் செய்தால் கெதியாக வீட்டுக்குப் போகலாம்" என்ற கதை காதில் விழும். குற்றப்பதிவு இல்லாமல் வழக்கமாக 24 மணித்தியாலம் வரை வைத்திருக்க முடியும். ஒரு நாள் போனால் போகட்டும்.

அந்தச் சொலிசிட்டரிடம் மகன் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம்: "நான் பிரிட்டிஷ் சிட்டிசன் இல்லை, சிட்டிசன்ஷிப்புக்குப் போடப் போகிறேன்." இதைச் சொல்லாமல் விடுவதால்தான் பெரும்பாலான சேதம் நடக்கிறது. ஏனென்றால் விடியற்புறம் ஒரு எச்சரிக்கைப் பத்திரம் நீட்டப்படும். ஆங்கிலத்தில் கோஷன் என்பார்கள். கோர்ட் இல்லை, அபராதம் இல்லை, கையெழுத்துப் போட்டால் அடுத்த பஸ்ஸில் வீடு. பிரிட்டிஷ் பிள்ளைக்கு அது சின்ன விஷயமாக முடியலாம். நம் பிள்ளைக்கு அது குற்றத்தை ஒப்புக்கொண்ட எழுத்து. மற்ற வேலைகளுக்குக் காலாவதியானதாகக் கருதப்படும் பதிவுகூட, குடிவரவுக்கும் சிட்டிசன்ஷிப்புக்கும் காலாவதி ஆவதில்லை. ஹோம் ஒஃபிஸ் (உள்துறை அமைச்சு) நன்னடத்தையைப் பார்க்கும்போது இதை எடுத்து வைத்துக்கொண்டு மறுக்கலாம். கிரிமினல் சொலிசிட்டர்கள் பலர் குடிவரவுச் சட்டம் அறியாதவர்கள். நல்ல எண்ணத்தோடேயே "எடுத்துக்கொண்டு போ" என்று சொல்லிவிடுவார்கள். செய்யாத குற்றத்துக்குக் கோஷன் எடுக்கவே வேண்டாம். செய்திருந்தாலும், குடிவரவுச் சட்டம் தெரிந்த ஒருவரோடு பேசிய பிறகே முடிவு.

சில வாரம் கழித்து ஃபோன் வரலாம்: "கைது இல்லை, சும்மா வந்து ஒரு வாக்குமூலம் தந்துவிட்டுப் போங்கள்." கேமராவில் முகத்தைப் பார்த்துக் கூப்பிடுவது அது. சும்மா என்று ஒன்றும் இல்லை, அதுவும் பதிவாகும் விசாரணை. அதற்கும் இலவசச் சொலிசிட்டரோடு போக வேண்டும்.

குற்றம் பதியாமல், விசாரணை நடக்கிறது என்று சொல்லி வெளியே விட்டுவிடுவதும் உண்டு. அதற்குக் கால எல்லையே இல்லை. மாதக்கணக்கில் ஒரு பதிலும் வராது, கேட்டால் அதிகாரி லீவு என்பார்கள். ஒரு இளைஞனின் வேலையும் படிப்பும் தொங்கிக்கொண்டு நிற்கும். அதற்கு யாரும் பொறுப்பு இல்லை. இந்த நிலையில் சிட்டிசன்ஷிப்புக்குப் போட்டு 1,600 பவுண்டுக்கு மேலான கட்டணத்தைப் பணயம் வைக்க வேண்டாம். ஏற்கெனவே போட்டிருந்தால், கைதையோ குற்றப்பதிவையோ ஹோம் ஒஃபிஸுக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். நடவடிக்கை இல்லை என்று முடிந்தால் அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். பொலிஸ் பதிவை அழிக்கச் சொல்லி விண்ணப்பிக்கவும் வழி உண்டு. அதற்குக் கட்டணம் இல்லை.

இப்போது உங்கள் ஃபோர்ம்காரர். நன்னடத்தைக் கடிதம் என்று முன்கூட்டியே எடுத்து வைக்கும் பத்திரம் எதுவும் பொலிஸ் நிலையத்திலும் செல்லாது, ஹோம் ஒஃபிஸிலும் செல்லாது. அந்த 250 பவுண்ட் வெறும் காகிதத்துக்குப் போகிறது. அதைவிட எனக்குப் பயம், இப்படிப்பட்டவர்கள் பிறகு சொல்லும் புத்தி: "அந்தக் கேள்விக்கு இல்லை என்று போடுங்கள், அவர்களுக்குத் தெரியாது." தெரியும். ஹோம் ஒஃபிஸ் பொலிஸ் கணினியைப் பார்க்கிறது. கோஷன் இருப்பதை ஒழுங்காகச் சொல்லி விளக்கம் கொடுத்தவருக்கு வாதாட ஒரு வழியாவது இருக்கும். மறைத்தது பிடிபட்டால் அது ஏமாற்று. 10 வருடம் வரைக்கும் அதையே காட்டி மறுப்பார்கள். மறைத்து வாங்கிய சிட்டிசன்ஷிப்பைப் பிறகு பறிக்கவும் 1981ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஃபோர்மின் கீழே கையெழுத்து உங்கள் பிள்ளையுடையது. எழுதிக் கொடுத்தவர் பெயர் எங்கேயும் இருக்காது.

அவரிடம் பதிவு எண்ணைக் கேளுங்கள். சொலிசிட்டர் என்றால் சொலிசிட்டர் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையத்தளத்தில் பெயர் இருக்கும். ஆலோசகர் என்றால் குடிவரவு ஆலோசனை ஆணையத்தின் பதிவேட்டில் இருக்கும். 2025 ஜனவரி வரை ஓஐஎஸ்சி என்று அழைக்கப்பட்டது அதுதான். எந்தச் சட்டத்தொழில் பதிவேட்டிலும் இந்த ஆலோசகர் பதிவேட்டிலும் இல்லாதவர் காசுக்குக் குடிவரவு ஆலோசனை சொல்வது 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், 2 வருடம் வரை சிறை. "நான் ஃபோர்ம் மட்டும் நிரப்புகிறேன்" என்பார். "போனால் பாஸ்போர்ட் போகும்" என்று சொன்னாரே, அதுவே ஆலோசனைதான், அதுவும் பிழையான ஆலோசனை.

காசு இன்னும் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். கொடுத்திருந்தால் வங்கிப் பதிவையும் வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காமல், அந்த ஆணையத்துக்கு முறைப்பாடு அனுப்புங்கள். பதிவு இல்லாதவர்களைப் பற்றியும் அவர்கள் முறைப்பாடு எடுப்பார்கள். உங்கள் ஆவணங்களின் மூலப் பிரதி ஒன்றாவது அவரிடம் இருந்தால், சனிக்கிழமைக்கு முன் அதைத் திருப்பி வாங்கிவிடுங்கள்.