மீன் குழம்பு வைக்கும் வீட்டில் மகள் மட்டும் சைவம்: இரண்டு சமையலும் வேண்டாம், பவுடர் டப்பாவும் வேண்டாம்

கேள்வி: எங்கள் வீட்டில் ஐந்து பேர். ஊர் தூத்துக்குடி என்பதால் வாரத்தில் நான்கு நாள் மீன், ஞாயிற்றுக்கிழமை கறி. பிளஸ் ஒன் படிக்கும் மகள் போன மாசி மாதத்திலிருந்து மீன், கறி, முட்டை எதையும் தொடுவதில்லை. பால், தயிர் சாப்பிடுவாள். அவளுக்குத் தனியாக, எங்களுக்குத் தனியாக என்று சமைத்து நான் ஓய்ந்துவிட்டேன். "வளருகிற பொட்டப்பிள்ளை, ரத்தமில்லாமப் போயிரும்" என்று மாமியார் தினமும் சொல்கிறார். தெரிந்த அக்கா ஒருவர் 'வெல்னஸ் கோச்' ஆகியிருக்கிறார். டப்பா 2,400 ரூபாய் என்று ஒரு புரோட்டீன் பவுடரை மூன்று மாதம் கொடுக்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். அந்த 2,400 ரூபாயை முதலில் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு மேலே படியுங்கள்.

உங்கள் மகள் வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 46 கிராம் புரதம் போதும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரை சொல்கிறது. இது பெரிய அளவு ஒன்றும் இல்லை. மூன்று வேளைக்கும் சேர்த்து 200 கிராம் அரிசி (இட்லி, தோசைக்குப் போவதும் இதில் அடக்கம்) சாப்பிட்டால் அதிலேயே 15 கிராம் வந்துவிடும். சாம்பாரிலும் கூட்டிலுமாக 50 கிராம் துவரம்பருப்போ பாசிப்பருப்போ உள்ளே போனால் 11 கிராம். பாலும் தயிருமாக 400 மில்லி என்றால் 13. சாயங்காலம் ஒரு கைப்பிடி கடலைச் சுண்டல் 6, இன்னொரு நேரம் 25 கிராம் வேர்க்கடலை 6. கூட்டிப் பாருங்கள், 51 ஆகிறது. இதில் டப்பாவுக்கு எங்கே இடம்?

ஆனால் இந்தக் கணக்கு ஒரு இடத்தில் சறுக்கும். அசைவம் சமைக்கும் வீடுகளில் சைவப் பிள்ளையின் தட்டு எப்படி இருக்கிறது என்று நான் தொடர்ந்து கேட்டு வருகிறேன். மீன் வைக்கும் நாளில் அவளுக்கு ரசம், உருளைக்கிழங்கு பொரியல், அப்பளம். கறி வைக்கும் நாளில் தயிர்ச்சோறு, ஊறுகாய். மீன் குழம்பு வைக்கிற அன்று யாரும் பருப்பு வேக வைப்பதில்லை, ஆகவே வாரத்தில் ஐந்து நாள் அவளுக்குப் பருப்பே கிடையாது. சத்து போவது இப்படித்தான். மீனை விட்டதால் மட்டும் போவதில்லை, மீன் இருந்த இடத்தில் உருளைக்கிழங்கை வைத்ததால் போகிறது. 'அவளுக்கு என்ன பொரியல்' என்று யோசிப்பதை விட்டுவிட்டு 'அவளுக்கு இன்று என்ன பயறு' என்று யோசியுங்கள்.

இனி சமையல். இரண்டு சமையல் வேண்டாம். ஒரே குழம்பைக் கூட்டி, கடைசியில் இரண்டாகப் பிரியுங்கள்.

உங்கள் ஊர் மீன் குழம்பையே எடுத்துக்கொள்வோம். புளி, மிளகாய், மல்லி, சின்ன வெங்காயம், தேங்காய் அரைத்த விழுது, இதில் எதுவுமே அசைவம் இல்லை. மீன் உள்ளே விழுவது கடைசிப் பத்து நிமிடத்தில்தான். முந்தின நாள் ராத்திரி ஒரு கைப்பிடி காய்ந்த மொச்சையை ஊறப்போட்டு, காலையில் குக்கரில் தனியாகக் குழைய வேக வைத்துவிடுங்கள். புளித்தண்ணீரில் நேராகப் போட்டால் மொச்சை வேகவே வேகாது. குழம்பு கொதித்துப் பச்சை வாடை போய், எண்ணெய் மேலே பிரிகிற நேரத்தில் மூன்று கரண்டியைச் சின்னச் சட்டியில் மொண்டு, அதில் இந்த மொச்சையும் வதக்கிய கத்தரிக்காயும் சேர்த்து ஐந்து நிமிடம் கொதிக்க விடுங்கள். அப்புறம் பெரிய சட்டியில் சாளையோ விளமீனோ போடுங்கள். கூடுதல் வேலை ஒரு சட்டி, ஒரு கரண்டி. அந்தக் கரண்டி மட்டும் மீன் சட்டிக்குள் போய்விடக் கூடாது.

கறிக் குழம்பிலும் இதே வழிதான், ஆனால் கறியை மசாலாவோடு சேர்த்து வேக விடுகிற பழக்கத்தை மாற்ற வேண்டும். கறியை மஞ்சள், உப்பு, இஞ்சி பூண்டு போட்டுக் குக்கரில் தனியாக வேக வைத்து, மசாலாவை வேறு சட்டியில் கொதிக்க விடுங்கள். அவள் பங்கை எடுத்த பிறகு கறியையும் அந்தத் தண்ணீரையும் மீதிக் குழம்பில் ஊற்றிக் கொதிக்கவிட்டால் ருசி குறையாது. அவள் பங்கில் மீல்மேக்கர் போடலாம். உப்புப் போட்ட கொதிநீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, நன்றாகப் பிழிந்து, பச்சைத் தண்ணீரில் இன்னொரு தரம் அலசிப் பிழிந்தால் அந்தச் சோயா வாடை போய்விடும். காய்ந்த மீல்மேக்கரில் ஏறத்தாழ பாதி எடை புரதம். 25 கிராம் போட்டால் 12 கிராம் கிடைக்கும். கடையில் என்ன விலை என்று கேட்டுவிட்டு அந்த டப்பாவின் விலையை நினைத்துப் பாருங்கள்.

பிரியாணியை மட்டும் பிரிக்க முடியாது, சின்ன குக்கரில் அவளுக்குத் தனியாகத்தான் வைக்க வேண்டும். மீன் பொரித்த எண்ணெயில் அவளுக்கு அப்பளம் பொரிக்காதீர்கள். தோசைக்கல்லில் மீன் வறுப்பதாக இருந்தால் முதலில் அவளுக்குத் தோசை வார்த்துவிடுங்கள். கருவாடு அரைத்த மிக்ஸி ஜாரில் அவளுக்குச் சட்னி அரைக்காதீர்கள். கவுச்சி வாடை ஒரு தடவை வந்துவிட்டால் பிள்ளை வீட்டுச் சாப்பாட்டையே சந்தேகப்படத் தொடங்கும், கடைசியில் பிஸ்கட்டிலும் நூடுல்ஸிலும் வயிற்றை நிரப்பிக்கொள்ளும். மறைத்து ஊட்டுகிற வேலையும் வேண்டாம். "கறித் தண்ணிதானே, தெரியவா போகுது" என்று கலந்துவிடுகிற பாட்டிகளை எனக்குத் தெரியும். அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனால் பதினாறு வயதுப் பெண்ணுக்கு அது கட்டாயம் தெரியவரும்.

வாரத்தில் இரண்டு நாள் எல்லோருமே சைவம் சாப்பிட்டாலும் ஒன்றும் கெட்டுவிடாது. பக்கத்து மாவட்டத்துச் சொதி இருக்கிறதே: தேங்காய்ப்பால், பாசிப்பருப்பு, காய்கள், தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. மறுவீட்டு விருந்துக்கே அதைத்தான் போடுகிறார்கள். மாமியாரும் மறுக்க மாட்டார்.

சரி, அந்த பவுடர் விஷயம். 'வெல்னஸ் கோச்' என்பதற்குப் படிப்பும் கிடையாது, பதிவும் கிடையாது. கம்பெனிக்கு ஆள் சேர்த்து டப்பா விற்றால் அந்தப் பெயர் வந்துவிடும். இவர்களால் கடனாளியான குடும்பங்களை என் ஆலோசனை அறையிலேயே பார்க்கிறேன். கமிஷனுக்காக ஒரு அக்கா இன்னொரு அக்காவிடம் விற்கிறார், அவர் அடுத்தவரிடம் விற்கிறார், கடைசியில் குடிப்பது ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை. டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து வரிசையாகப் போட வேண்டும் என்பது சட்டம். முதல் மூன்று பெயர்களுக்குள் சர்க்கரையோ மால்ட்டோடெக்ஸ்ட்ரினோ (மாவுச்சத்திலிருந்து செய்யும் பொடி) இருந்தால் எதற்குக் காசு கொடுக்கிறீர்கள் என்று புரிந்துவிடும். இந்த மாதிரி டப்பாக்கள் பலவற்றில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். போட்டாக வேண்டும் என்ற விதி இருப்பதால் போடுகிறார்கள். அதைத் தமிழில், கண்ணுக்குத் தெரிகிற அளவில் போட வைப்பதற்கு ஏன் இத்தனை தயக்கம்? 'ஹெல்த் டிரிங்க்' என்று ஒரு வகையே உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இல்லை என்று 2024-இல்தான் அரசுக்குச் சொல்லத் தோன்றியது. அதற்குள் எத்தனை தலைமுறை அதைக் குடித்து முடித்துவிட்டது!

மாமியாரின் கவலை ரத்தத்தைப் பற்றியது. அந்தக் கவலை நியாயம்தான், ஆனால் காரணம் சைவம் மட்டும் இல்லை என்று அவருக்குச் சொல்லுங்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இவர்களில் பெரும்பாலோர் அசைவம் சாப்பிடும் வீட்டுப் பெண்கள்தான். மகளின் வயதில் ஒரு நாளைக்கு 32 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும். நாலு துண்டு மீனில் அது வந்துவிடாது.

பருப்பு, பயறு, கம்பு, கீரை எல்லாவற்றிலும் இரும்பு உண்டு, ஆனால் கறியில் உள்ளதைப் போல அது உடம்பில் எளிதாகச் சேராது. வைட்டமின் சி கூட இருந்தால் சேரும். சுண்டலில் எலுமிச்சை பிழியுங்கள், மாங்காய் கிடைக்கும் காலத்தில் துருவிப் போடுங்கள், மதியச் சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காய் கொடுங்கள். டீயும் காப்பியும் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ இருக்கட்டும். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் பழக்கம் இருந்தால் நீங்கள் பார்த்துப் பார்த்துச் சமைத்ததில் பாதி வீண். பீட்ரூட் ஜூஸ் ரத்தம் ஊறச் செய்யும் என்பதை நம்ப வேண்டாம். 100 கிராமில் ஒரு மில்லிகிராம் இரும்புகூடக் கிடையாது, நிறம் மட்டும்தான் சிவப்பு.

பள்ளியில் வாரம் ஒரு நீல மாத்திரை தருகிறார்களே, அதில் 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் இருக்கிறது. காசில்லாமல் கிடைக்கும் நல்ல மாத்திரை. ஆனால் அதை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க ஆளில்லை. கையில் திணித்துவிட்டுப் பதிவேட்டில் டிக் அடித்தால் வேலை முடிந்தது. பிள்ளைகள் வெறும் வயிற்றில் விழுங்கிக் குமட்டுகிறது என்று அடுத்த வாரம் ஜன்னல் வழியே எறிகிறார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொல்லுங்கள். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம் என்றும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சத்துணவில் முட்டை வேண்டாம் என்கிற பிள்ளைக்கு வாழைப்பழம் கொடுப்பதும் இதே அலட்சியம்தான். முட்டையில் 6 கிராம் புரதம், வாழைப்பழத்தில் ஒரு கிராம். ஒரு கிண்ணம் சுண்டல் கொடுக்க முடியாதா?

இங்கே ஒரு விதிவிலக்கை அழுத்திச் சொல்ல வேண்டும். இதுவரை சொன்னதெல்லாம் அவள் பால், தயிர் சாப்பிடுகிறாள் என்பதால்தான். இணையத்தில் எதையாவது பார்த்துவிட்டு நாளைக்கு "பாலும் வேண்டாம், நான் வீகன்" என்று சொன்னால் கதை வேறு. பி12 என்ற வைட்டமின் இயற்கையாக விலங்கு உணவில்தான் இருக்கிறது. இப்போது அரை லிட்டர் பாலும் தயிரும் அவள் தேவையில் பெரும்பகுதியைக் கொடுத்துவிடும். அதையும் நிறுத்தினால் பி12 மாத்திரை கட்டாயம். ஸ்பைருலினா போதும் என்பார்கள், அதில் இருப்பதில் பெரும்பகுதி உடம்புக்குப் பயன்படாத போலி வடிவம். இட்லி மாவு புளிப்பதிலும் பழைய சோற்றிலும் வந்துவிடும் என்பார்கள், அதை நம்பிப் பிள்ளையின் நரம்பைப் பணயம் வைக்க முடியாது. ஈரலில் சேமிப்பு இருப்பதால் இரண்டு, மூன்று வருடம் ஒன்றுமே தெரியாது. அப்புறம் கால் மரத்துப்போகும், நாக்கு எரியும், மறதி வரும். இன்னொன்று, ஃபோலிக் அமில மாத்திரை ரத்தசோகையை மட்டும் சரிசெய்துவிடும், நரம்புச் சேதம் உள்ளுக்குள் நடந்துகொண்டே இருக்கும். ரத்தம் சரியாக இருக்கிறது என்று நாம் நிம்மதியாக இருப்போம். ஆகவே பாலை நிறுத்துகிற அன்றைக்கே மாத்திரையைத் தொடங்க வேண்டும், அறிகுறிக்குக் காத்திருக்கக் கூடாது. அவள் பாலைக் குறைத்துக்கொண்டே வருகிறாளா என்பதையும் கவனியுங்கள். பல வீடுகளில் அம்மாவுக்குத் தெரிவதற்கு முன்பே பால் நின்றிருக்கும். மருந்துக்கடையில் கேட்கும்போது கேப்சூலாக இல்லாமல் மாத்திரையாகக் கேளுங்கள். கேப்சூல் உறை பெரும்பாலும் விலங்குகளின் எலும்பு, தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டினில் செய்வது, அது தெரிந்தால் அவள் தொடமாட்டாள்.

கடைசியாகப் பரிசோதனை. ஆயிரம் ரூபாயில் எண்பது டெஸ்ட் என்று வீடு தேடி வருகிறவர்களை அனுப்பிவிடுங்கள். அந்தத் தாளில் எங்காவது ஒரு எண் தடித்த எழுத்தில் இருக்கும், அதைக் காட்டி அடுத்த டப்பாவை விற்பார்கள். ஹீமோகுளோபின் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் பார்க்கிறார்கள். 12-க்குக் கீழே இருந்தால் சாப்பாட்டால் மட்டும் ஏறாது, மருத்துவரைப் பார்த்துத் தினசரி இரும்பு மாத்திரை தொடங்குங்கள். ஃபெரிட்டின் (உடம்பில் உள்ள இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), பி12 பார்க்க வேண்டுமா என்பதை அவர் சொல்லட்டும். மாதவிலக்கு அதிகமாகப் போகிறதா என்பதையும் அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அந்தக் கேள்வியை அவராகக் கேட்பதற்கு நெரிசலான ஓ.பி.யில் நேரம் இருக்காது.