அக்கா வீட்டுக்குச் சின்ன விமானத்தில் போக ஏஜென்ட் எதற்கு?

கேள்வி: தனியார் விமானி உரிமம் வாங்கி ஓராண்டு ஆகிறது. கிளப்பின் நான்கு இருக்கை செஸ்னா 172-ஐ வாடகைக்கு எடுத்து, மனைவி, அப்பா, அம்மாவோடு 300 கிலோமீட்டர் தள்ளி நகரத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போக ஆசை. வெள்ளி மாலை கிளம்பி ஞாயிறு மாலை திரும்ப வேண்டும். நகரத்தின் பெரிய விமான நிலையத்தில் எங்களை இறங்க விடுவார்களா? மொத்தமாக ஒரு தொகை கொடுத்தால் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். அப்பா செலவில் பங்கு தருகிறேன் என்கிறார், வாங்கலாமா?

பதில்: பெரும்பாலான பெரிய நிலையங்களில் சின்ன விமானத்துக்குத் தடை இல்லை. முன்அனுமதி, நேர ஒதுக்கீடு, கட்டணம், அவ்வளவுதான். ஆனால் விட்டால்கூட அங்கே போகாதீர்கள். நகரத்தின் ஓரத்தில் உங்கள் விமானத்துக்கான பெட்ரோல் கிடைக்கும் சின்ன விமானத்தளம் ஏதாவது இருந்தால் அங்கே இறங்கி, வாடகைக் காரில் அக்கா வீட்டுக்குப் போய்விடுங்கள்.

காரணம் எரிபொருள். நான்கு இருக்கை இருப்பதால் நான்கு பெரியவர்களையும் முழு டேங்க்கையும் சேர்த்து ஏற்றலாம் என்று அர்த்தமில்லை. 172-இல் ஆள், பெட்டி, பெட்ரோல் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 400 கிலோதான் ஏற்றலாம். டேங்க் நிறைய, அதாவது சுமார் 200 லிட்டர் நிரப்பினால் அதுவே 144 கிலோ. மீதியில் நான்கு பெரியவர்கள் அடங்க மாட்டார்கள். அக்காவுக்குக் கொண்டுபோகும் மூட்டைகளை நான் இன்னும் சேர்க்கவே இல்லை. ஆக, நீங்கள் கிட்டத்தட்ட அரை டேங்க்கோடுதான் கிளம்ப முடியும். போவதற்கு அது போதும், கையிருப்பும் மிஞ்சும். திரும்பி வர நகரத்தில் நிரப்பியாக வேண்டும். பெரிய நிலையங்கள் பலவற்றில் ஜெட் எரிபொருள் மட்டும்தான் கிடைக்கும். உங்கள் எஞ்சினுக்கு வேண்டிய ஏவ்கேஸ், அதாவது விமானப் பெட்ரோல், இருக்காது. ஜெட்டுகளோடு தொழில் பண்ணும் ஏஜென்டுக்கு இது நினைவுக்கே வராது. தெரியாமல் ஜெட் எரிபொருளை ஊற்றிவிட்டால், குழாயில் மிச்சமிருக்கும் பெட்ரோலில் எஞ்சின் நன்றாகவே ஓடும், மேலே ஏறிய பிறகு நின்றுபோகும். அதனால் எங்கே நிரப்பினாலும் பக்கத்தில் நின்று பாருங்கள். 100 எல்எல் என்ற வகை ஏவ்கேஸ் நீல நிறம்.

இப்போது அந்த ஏஜென்ட். ‘அனுமதி வாங்கித் தருகிறேன்’ என்கிறாரே, அது நீங்களே நிரப்பி அனுப்பக்கூடிய படிவம்தான். இறங்கும் கட்டணமும் நிறுத்தும் கட்டணமும் ரகசியம் இல்லை. நிலையத்துக்கு ஒரு போன் போட்டால் சொல்லிவிடுவார்கள். மொத்தத் தொகை என்று பேசுவதே எதற்கு எவ்வளவு என்று நீங்கள் கேட்காமல் இருக்கத்தான். சில நிலையங்களில் எவ்வளவு சின்ன விமானமாக இருந்தாலும் ஹேண்ட்லிங் நிறுவனம், அதாவது இறங்கிய விமானத்தைத் தரையில் கவனித்துக்கொள்ளும் நிறுவனம், கட்டாயம். நான்கு பேர் வரும் விமானத்துக்கும் இருநூறு பேர் வரும் விமானத்துக்கும் ஒரே நடைமுறை வைத்திருக்கும் இந்த ஏற்பாட்டை என்னவென்று சொல்வது! அப்படியானால் அந்த நிறுவனத்திடமே நேரடியாகப் பேசி, இனம் இனமாக எழுத்தில் விலை வாங்குங்கள். வானிலையையும் நோட்டாமையும் (விமானிகளுக்கான எச்சரிக்கை அறிவிப்புகள்) தானே பார்த்துவிடுவதாக ஏஜென்ட் சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். புறப்படும் முன் அந்தப் பயணத்துக்கான எல்லாத் தகவலையும் அறிந்திருப்பது விமானத்துக்குப் பொறுப்பான தலைமை விமானியின் கடமை என்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதியே இருக்கிறது. அதைக் காசு கொடுத்து இன்னொருவர் தலையில் கட்ட முடியாது.

அப்பாவின் பணத்துக்கு வருவோம். தனியார் உரிமத்தில் ஆள் ஏற்றிச் சம்பாதிக்கக் கூடாது. இதற்கு ஒரு விலக்கு உண்டு, அதைத்தான் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். அமெரிக்க விதிப்படி எரிபொருள், எண்ணெய், விமான நிலையச் செலவு, விமான வாடகை ஆகிய நான்கை மட்டும் பயணிகளோடு பகிரலாம். விமானியின் பங்கு தலைக்கு விழும் பங்கைவிடக் குறையக் கூடாது. நான்கு பேர் என்றால் கால் பங்காவது உங்கள் பையிலிருந்து போக வேண்டும். அதோடு முடியவில்லை. அங்கே போக உங்களுக்கே சொந்தமாக ஒரு வேலை இருக்க வேண்டும். அக்காவைப் பார்க்கப் போகிறீர்கள், அப்பாவும் மகளைப் பார்க்க வருகிறார், பிரச்சினை இல்லை. அம்மா அக்கா வீட்டில் பத்து நாள் தங்கிவிடுகிறார் என்று வையுங்கள். திரும்பும்போது ஓர் இருக்கை காலி. ஏஜென்ட் ‘ஒருத்தர் வருவார், அவர் பங்கைக் கொடுத்துவிடுவார்’ என்பார். கணக்கு சரியாக இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் முன்பின் தெரியாத ஆளை இன்னொருவர் பிடித்துத் தந்து நீங்கள் ஏற்றினால் அது டாக்ஸி ஓட்டுவது மாதிரிதான். அதிகாரிகள் வணிகப் பயணம் என்று முடிவுகட்டினால் உரிமம் போகும். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனமும் கைவிரிக்கும். மாமா, சித்தப்பா ஆனாலும் ‘எனக்கு அங்கே வேலை, கொண்டுபோய் விடு’ என்று கேட்டு, உங்களுக்கு அங்கே எந்த வேலையும் இல்லையென்றால், பத்துப் பைசா வாங்காதீர்கள். ஐரோப்பாவிலும் செலவைப் பகிரலாம், விவரம் வேறு. உங்கள் நாட்டு விதியைக் கிளப்பின் தலைமைப் பயிற்றுநரிடம் கேளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றும் இருக்கிறது. வெள்ளி மாலை கிளம்பாதீர்கள். வேலை முடிந்து, எல்லோரும் வந்து சேர்ந்து, பெட்டி ஏற்றுவதற்குள் இருட்டிவிடும். இரவில் பறக்கப் பல நாடுகளில் தனித் தகுதியும் வேண்டும். 1999 ஜூலை 16 வெள்ளிக்கிழமை இரவு 8.38-க்கு, முன்னாள் அமெரிக்க அதிபர் ஜான் எஃப். கென்னடியின் மகன், தன் மனைவியையும் மனைவியின் அக்காவையும் ஏற்றிக்கொண்டு, உறவினர் கல்யாணத்துக்காகத் தானே விமானம் ஓட்டிக் கிளம்பினார். புகைமூட்டமான இருட்டில் கடல் மேலே இறங்கும்போது திசையுணர்வு தப்பி, விமானம் கட்டுப்பாட்டை இழந்து விழுந்தது, மூவரும் இறந்தார்கள். கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் தகுதி அவருக்கு இல்லை. ஓராண்டு உரிமக்காரரான உங்களுக்கும் இருக்காது என்றே நினைக்கிறேன்.

சனி காலை போங்கள். திரும்புவதற்கு ஞாயிறு மதியம், முடியாவிட்டால் திங்கள் என்று விமானத்தை எடுக்கும்போதே கிளப்பில் சொல்லிவையுங்கள். கூடுதல் நாளுக்கு, பறக்காவிட்டாலும் குறைந்தது இத்தனை மணி நேரம் பறந்ததாகக் கணக்கிட்டு ஏதாவது வசூலிப்பார்களா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.